தனுஷ்கோடி உப்பும் பதினேழு லென்ஸ் காகிதங்களும்

மருந்துக் கடைக்காரர் கொடுத்த புட்டியைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிய பிறகுதான் அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். ‘சோடியம் குளோரைடு 0.9 சதவீதம்’ என்று இருந்தது. லென்ஸில் படிந்த உப்பைக் கழுவுவதற்காக உப்புத் தண்ணீரை விலை கொடுத்து வாங்கியிருந்தேன்.

ராமேஸ்வரம், இரவு எட்டரை மணி. திரும்பவும் படியேறினேன். “அண்ணே, சலைன் வேண்டாம். ஊசி மருந்துப் பொடியைக் கலக்குவார்களே, வெறும் தண்ணீர், அது வேண்டும்.”

“யாருக்கு ஊசி?”

“கேமராவுக்கு.”

அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் 10 மி.லி. பிளாஸ்டிக் குப்பிகள் ஐந்தைக் கொண்டுவந்து வைத்தார். “இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, தம்பி” என்றார். புட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நல்ல மனிதர்.

அன்று காலை தனுஷ்கோடியில், அரிச்சல்முனைப் பக்கம் கரைவலை இழுப்பவர்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். ஜனவரி மாதம். வடகிழக்குக் காற்று நின்றபாடில்லை. என்னிடம் இருந்தது 70-300 மி.மீ. ஜூம் லென்ஸ், விலை குறைந்த வகை. ஜூம் செய்தால் முன்பகுதி நீண்டு வெளியே வரும். விடுதி அறையில் இரவு முழுவதும் ஏ.சி. ஓடியது. குளிர்ந்து கிடந்த லென்ஸை அப்படியே வெளியே எடுத்துக்கொண்டு போனேன். கடற்கரைக் காற்று பட்டதும் கண்ணாடி முழுவதும் ஆவி படர்ந்தது, குளிர்ந்த சொம்பில் வியர்ப்பதுபோல. அந்த ஈரத்தின் மேல்தான் அலைத் தூற்றல் வந்து உட்கார்ந்தது. கேமராவைப் பைக்குள் மூடியபடியே வெளியில் அரை மணி நேரம் வைத்திருந்தால் லென்ஸ் காற்றின் சூட்டுக்கு வந்திருக்கும், ஆவியே படர்ந்திருக்காது. இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. வெளிச்சம் போய்விடுமே என்ற அவசரம்.

வெயில் ஏறியதும் ஆவி காய்ந்தது, உப்பு மட்டும் தங்கியது. மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தபோது முன்கண்ணாடியில் தயிர் வடித்த துணிபோல ஒரு வெண்மை. விரலால் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று கை பரபரத்தது. தொடவில்லை. அதற்குக் காரணம் என் பழைய 50 மி.மீ. லென்ஸ்.

அது எனக்கு வாய்த்த முதல் நல்ல லென்ஸ். வாங்கிய புதிதில் அதில் ஒரு தூசி இருந்தாலும் எனக்குத் தூக்கம் வராது. வாயால் ஊதுவேன், சட்டை நுனியால் துடைப்பேன், மறுபடி வெளிச்சத்தில் பார்ப்பேன், மறுபடி துடைப்பேன். ஒருநாள் மெரினாவிலிருந்து திரும்பி வந்து அதே சட்டையால் துடைத்தேன். கடற்கரை மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். அது கண்ணாடியைவிடக் கடினம். சட்டை நூலில் சிக்கிய நாலைந்து மணல் துகள்கள் போதும், உப்புத்தாள் ஆகிவிடும். வட்ட வட்டமாக மயிரிழைக் கீறல்கள் விழுந்தன. வெயிலுக்கு எதிராகப் படமெடுத்தால் இன்றும் அந்த லென்ஸில் படம் முழுவதும் பால் கலந்ததுபோல் வரும். தூசி எதுவும் செய்யவில்லை, செய்தவன் நான்.

கீறல் கண்ணாடியில் விழுவதைவிட அதன் மேலிருக்கும் பூச்சில் விழுவதுதான் பெரிய இழப்பு. பூச்சில்லாத கண்ணாடி, ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். தனித்தனியாக நிற்கும் பத்துக் கண்ணாடிகள் என்றால் இருபது பரப்புகள். கணக்குப் போட்டால் உள்ளே வந்த ஒளியில் பாதிகூட மறுமுனைக்குப் போய்ச் சேராது. 1935-இல் ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனத்தில் இருந்த அலெக்ஸாண்டர் ஸ்மக்குலா, கண்ணாடியின் மேல் மெல்லிய படலம் ஏற்றி இந்தப் பிரதிபலிப்பைக் குறைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும் ஊதாவும் பச்சையும் அந்தப் படலத்தின் நிறந்தான். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரமாகப் பங்கிட்டால் ஒரு பங்கு எவ்வளவோ, மெக்னீசியம் ஃபுளோரைடுப் படலம் ஒன்றின் தடிமன் ஏறக்குறைய அவ்வளவு. அதன் மேல்தான் நான் சட்டையைப் போட்டுத் தேய்த்தேன்.

ஆக, விடுதி அறை. முதல் வேலையாக மின்விசிறியை நிறுத்தினேன். ஏ.சி.யையும். மேசையில் புதிதாகத் துவைத்த துண்டை விரித்தேன். பையில் இருந்தவை: ரப்பர் குமிழ் வைத்த காற்றூதி, மென்தூரிகை, லென்ஸ் காகிதம் ஒரு கட்டு, மைக்ரோஃபைபர் துணி, சிறு குப்பியில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். கைகழுவும் சானிடைசரும் இருந்தது. ‘அதுவும் ஆல்கஹால்தானே’ என்று ஒரு நொடி தோன்றியது. அதில் கை வறளாமல் இருக்கக் கிளிசரின் கலந்திருப்பார்கள். கண்ணாடியில் பிசுக்காக நின்றுவிடும். அதை எடுத்துக் குளியலறையில் வைத்துவிட்டு வந்தேன், கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று.

ஆல்கஹால் கையில் இருக்கும்போது எதற்காக மருந்துக் கடைக்கு ஓடினேன் என்று கேட்கலாம். கைரேகை, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் ஆல்கஹாலுக்கு மசியும். உப்பு மசியாது. சோடியம் குளோரைடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஏறக்குறைய கரைவதே இல்லை. ஆல்கஹால் நனைத்த காகிதத்தால் துடைத்தால் உப்புப் பரல் கரையாமல் காகிதத்தோடு சேர்ந்து கண்ணாடியின் குறுக்கே இழுபடும். முதலில் தண்ணீரால் உப்பைக் கரைத்து எடுக்கவேண்டும். ஆல்கஹாலின் முறை அதற்குப் பிறகுதான். விடுதிக் குழாய்த் தண்ணீரும் ஆகாது; வாளியில் வெள்ளைக் கறை படியவிடும் தண்ணீர் லென்ஸிலும் படியவிடும். சென்னையாக இருந்தால் காருக்கு ஊற்றும் பேட்டரித் தண்ணீரை வாங்கியிருப்பேன். அந்த இரவு நேரத்தில் திறந்திருந்தது மருந்துக் கடை மட்டும்.

லென்ஸைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு காற்றூதியால் ஊதினேன். கவிழ்த்துப் பிடித்தால் பறப்பது கீழே விழும். நிமிர்த்திப் பிடித்தால் எழுந்து திரும்ப அதே இடத்தில் உட்காரும். முப்பது முறையாவது ஊதியிருப்பேன். துண்டின் மேல் நாலைந்து மணல் துகள்கள் விழுந்தன. தூரிகையால் விளிம்பை மட்டும் மெதுவாகத் தள்ளி, மறுபடியும் ஊதினேன். உப்பு அசையவில்லை. அது அசையும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. மணல் போனால் போதும்.

பிறகு தண்ணீர். நேரே கண்ணாடியில் ஊற்றக்கூடாது. விளிம்பு வளையத்தின் இடுக்கு வழியாக நீர் உள்ளே இறங்கிவிட்டால் பிரித்துத்தான் எடுக்கவேண்டும். லென்ஸ் காகிதத்தை நாலாக மடித்து, இரண்டு சொட்டு விட்டு, கண்ணாடியின் மேல் அப்படியே படுக்க வைத்தேன். தேய்க்கவில்லை. காய்ச்சல்காரர் நெற்றியில் ஈரத்துணி போடுவதுபோல. இருபது எண்ணும்வரை விட்டு நேராகத் தூக்கினேன். தூக்கிய காகிதம் குப்பைக்கு. அடுத்த காகிதம். இப்படி ஆறு முறை ஒற்றிய பிறகுதான் முதன்முதலாகத் துடைத்தேன். அதுவும் நடுவிலிருந்து விளிம்புக்கு, ஒரே ஓட்டம், அழுத்தமில்லாமல். ஒரு காகிதம் ஒரு தடவைதான் கண்ணாடியைத் தொடலாம். சிக்கனம் பார்த்துக் காகிதத்தைத் திருப்பி மடித்து உபயோகிக்கும் பழக்கம் எனக்கும் உண்டு. அன்று பார்க்கவில்லை.

வெண்மை போனது. பதிலாக எண்ணெய்ப் படலம்போல் ஒரு வானவில் தெரிந்தது. பயந்துவிட்டேன், பூச்சே கழன்றுவிட்டதோ என்று. ஆல்கஹால் ஒரு சொட்டு விட்ட காகிதத்தால் துடைத்ததும் அது மறைந்தது. வெறும் பிசுக்கு, என் கன்னமோ விரலோ எப்போதோ பட்டிருக்கும். ஆல்கஹாலும் ஒரு சொட்டுதான், அதுவும் கண்ணாடிக்கு மட்டும். நெயில் பாலிஷ் நீக்கியில் வரும் அசிட்டோனை இதற்குக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். அது பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்; இந்த லென்ஸின் உடம்பு பாதிக்கு மேல் பிளாஸ்டிக்.

எண்ணிப் பார்த்தேன், பதினேழு காகிதங்கள்.

முன்கண்ணாடி முடிந்ததே தவிர வேலை முடியவில்லை. நீளும் லென்ஸ் என்றேன் அல்லவா, அது சைக்கிள் பம்பு மாதிரி. நீட்டும்போது காற்றை உள்ளே இழுக்கும், சுருக்கும்போது வெளியே தள்ளும். நீட்டிய குழாயின் மேல் உப்பு ஈரம் இருக்கும்போதே சுருக்கினால் அந்த உப்பையும் உள்ளே கொண்டுபோய்விடும். காலையில் எத்தனை தடவை சுருக்கினேனோ. இப்போது முழுக்க நீட்டி வைத்து, நனைத்துப் பிழிந்த துணியால் குழாயையும் ஜூம் வளையத்தின் ரப்பர் வரிகளையும் துடைத்தேன். வரிகளுக்குள் இருந்த மணலைப் பல் குத்தும் குச்சியால் எடுத்தேன். நன்றாகக் காய்ந்த பிறகே சுருக்கினேன். லேசாகக் கரகரத்தது. அந்தச் சத்தம் வயிற்றைப் பிசைந்தது. மேலும் நாலு முறை ஊதியதும் நின்றது.

லென்ஸின் முன்னால் யுவி ஃபில்டர் என்ற தட்டைக் கண்ணாடி ஒன்று போட்டிருந்தால் இத்தனை பாடும் மிச்சம். ஃபில்டர் வேண்டுமா வேண்டாமா என்று புகைப்படக்காரர்கள் இருவர் சேர்ந்தால் சாப்பாடு ஆறிப்போகும்வரை பேசுவார்கள். நான் வேண்டாம் கட்சி. விளக்குகளை நேரே படமெடுத்தால் ஃபில்டர் பேய் ஒளி காட்டும், விளக்கு இல்லாத இடத்திலும் ஓர் ஒளிப்பொட்டு விழும். ஆனால் கடற்கரைக்கு மட்டும் கட்சி மாறிவிட்டேன். குழாயடியில் கழுவக்கூடிய ஒரு தட்டைக் கண்ணாடிக்காகக் கொள்கையை விடலாம்.

மறுவாரம் சென்னையில் எனக்குத் தெரிந்த ஒரு பழுதுபார்ப்பவரிடம் லென்ஸைக் கொண்டுபோனேன். முப்பது வருடத்துக்கு மேலாக இதே வேலையில் இருக்கிறார். எனக்கு ஒரு குறை: டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் முன்கண்ணாடியின் ஓரத்தில் பிறைபோல ஒரு தழும்பு தெரிந்தது. உள்ளேயும் ஏழெட்டுத் தூசிகள்.

“டார்ச் அடித்துப் பார்த்தால் புது லென்ஸும் குப்பைத்தொட்டிதான், தம்பி” என்றார். “சுவரைப் படமெடுத்துக் காட்டு.”

வெள்ளைச் சுவர், லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை எஃப் 16 என்ற சிறிய அளவுக்குச் சுருக்கி ஒரு படம். பெரிதாக்கிப் பார்த்தோம். பிறையும் இல்லை, தூசியும் இல்லை. இரண்டு கரும்புள்ளிகள் இருந்தன. அவை லென்ஸினுடையவை அல்ல, கேமராவுக்குள் படம் பதியும் சென்சார் மேலிருந்த தூசி. லென்ஸை மாற்றிப் போட்டு எடுத்தபோதும் அதே இடத்தில் நின்றன.

“அந்தப் பிறையை நான் ஆல்கஹால் போட்டு இன்னொரு முறை...” என்று ஆரம்பித்தேன்.

“எதற்கு?” என்றார்.

பதில் இல்லை. அவர் இழுப்பறையைத் திறந்து, பூஞ்சை பிடித்த லென்ஸ் ஒன்றை எடுத்துக் காட்டினார். உள்கண்ணாடியில் சிலந்தி நூல்போல வேர்கள். இதைப் பார்த்துப் பயப்படு, தூசியைப் பார்த்து அல்ல என்றார். அதன் சொந்தக்காரர் தானே பிரித்துத் துடைக்கலாம் என்று சாதாரண நட்சத்திர ஸ்க்ரூடிரைவரைப் போட்டு மூன்று திருகாணிகளின் தலையை மழித்துவிட்டாராம். ஜப்பானியத் திருகாணியின் நட்சத்திரம் வேறு, நாம் கடையில் வாங்கும் டிரைவரின் நட்சத்திரம் வேறு. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், உட்காராது.

பூஞ்சைக்கு ஈரமும் இருட்டும் அசையாத காற்றும் போதும். சென்னைக்காரனுக்கு மூன்றும் அலமாரியிலேயே கிடைக்கும். வந்த அன்றே லென்ஸ்களைத் தோல் உறைகளிலிருந்து வெளியே எடுத்தேன். தோல் ஈரம் குடிக்கும், பூஞ்சைக்கு அதுவே சோறு. காற்றுப் புகாத மூடி வைத்த பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல், ஓர் ஈரப்பதமானி. முதலில் 74 சதவீதம் காட்டியது, இரண்டாம் நாள் 45-க்கு வந்தது. நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் நின்றால் எனக்குத் திருப்தி. ஜெல் ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறினால் ஓவன் அடுப்பில் சுமார் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்துத் திரும்ப உலர்த்திக்கொள்கிறேன். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உண்டு, சமையலறைப் பக்கம் அதைக் கொண்டுவராமல் இருப்பது நல்லது. அரிசியில் புதைத்து வை என்று என் அத்தை சொன்னார். அரிசி ஈரத்தை இழுப்பது கொஞ்சம், மாவுத் தூசியைக் கொடுப்பது நிறைய. “சரி, உன் இஷ்டம்” என்று விட்டுவிட்டார்.

பிறை அப்படியே இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை டப்பாவைத் திறக்கும்போது கண் அங்கேதான் போகிறது. நாலு முறை ஊதிவிட்டு மூடியைப் போட்டுவிடுகிறேன்.

தனுஷ்கோடியிலிருந்து வந்து இரண்டு மாதம் கழித்து, கேமராவை நிறுத்தும் முக்காலியை விரித்தேன். கால்களின் பூட்டுகள் மூன்றும் துருப்பிடித்து இறுகியிருந்தன. லென்ஸுக்குப் பதினேழு காகிதம் செலவழித்தவன், கடலுக்குள் முழங்கால் ஆழத்தில் நின்ற முக்காலியை ஒரு வாளித் தண்ணீரில்கூட அலசவில்லை. இரண்டு கால்களைத் தேங்காய் எண்ணெய் விட்டு ஒருவழியாகப் பிரித்துவிட்டேன். மூன்றாவது இன்னும் வரவில்லை.