பேக்லைட் செய்முறைத் தேர்வு: முதல் தடவை நான் கோட்டை விட்ட இடம்

டிவி பழுதுபார்ப்புப் படிப்பின் செய்முறைத் தேர்வில் எனக்குக் கிடைத்தது 32 அங்குல எல்இடி டிவி. சத்தம் வந்தது, படம் இல்லை. பார்த்ததுமே உள்ளுக்குள் குஷி. திரைக்குப் பின்னால் ஒளி தரும் பேக்லைட் போய்விட்டது, அதன் எல்இடி வரிசைப் பட்டையான ஸ்ட்ரிப்பை மாற்றினால் வேலை முடிந்தது என்று நேராகப் பேனலை, அதாவது படம் காட்டும் திரையை, பிரிக்க உட்கார்ந்துவிட்டேன். முக்கால் மணி நேரத்தில் மூன்று ஸ்ட்ரிப்பும் மேஜைக்கு வந்தன. எல்இடி ஸ்ட்ரிப்பை எரிய வைத்துப் பார்க்கும் டெஸ்டரை வைத்தால் எல்லா எல்இடியும் பளிச்சென்று எரிகின்றன! மெயின் போர்டிலிருந்து பவர் போர்டுக்குப் போகும் ‘பேக்லைட் ஆன்’ ஒயரைத் தேர்வாளர் கனெக்டரிலிருந்து லேசாக உருவி வைத்திருந்தார். பின்பக்க மூடியைக் கழற்றியதும் மீட்டரை வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஃபெயில்.

இரண்டாவது தடவை போனபோது செய்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் டார்ச். டிவியை ஓடவிட்டு, அறை வெளிச்சத்தைக் குறைத்து, திரைக்கு மிக அருகில் டார்ச்சைச் சாய்வாகப் பிடியுங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் பேனல் வேலை செய்கிறது, பின்னால் ஒளி மட்டும் இல்லை. எதுவுமே தெரியாவிட்டால் பேக்லைட்டைக் கொஞ்சம் மறந்துவிட்டு மற்ற போர்டுகளைப் பாருங்கள்.

அடுத்து, சுவிட்சைப் போட்ட முதல் இரண்டு விநாடி. அப்போது கண் மீட்டரில் இருக்கக் கூடாது, திரையில் இருக்க வேண்டும். ஒரு மின்னல் போல் வெளிச்சம் வந்து அணைந்தால், டிரைவர் (ஸ்ட்ரிப்புக்குக் கரன்ட் கொடுக்கும் சுற்று) கிளம்பப் பார்த்து, பாதுகாப்புச் சுற்று அதை நிறுத்துகிறது. சந்தேகம் ஸ்ட்ரிப் பக்கம் போக வேண்டும். மின்னவே இல்லையென்றால் ‘பேக்லைட் ஆன்’ சிக்னல் வருகிறதா, டிரைவருக்கு சப்ளை இருக்கிறதா என்று பார்ப்பேன். அப்படியும் ஸ்ட்ரிப்பை முழுதாக விட்டுவிட முடியாது.

மூடியைக் கழற்றியதும் பெரிய கெபாசிட்டர் மேல் கவனம் வையுங்கள். 230 வோல்ட் ஏசியை டிசியாக மாற்றினால் ஏறக்குறைய 325 வோல்ட் அதில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து ‘டப்’ என்று வெடிக்க வைப்பது வீரம் இல்லை. ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். தேர்வாளர்கள் இதை ஓரக்கண்ணால் கவனிக்கிறார்கள்.

இந்தத் தடவை செட் ஒரு விநாடி மின்னி அணைந்தது. பேக்லைட் ஆன் பின்னில் 3 வோல்ட்டுக்கு மேல் வந்தது, அதனால் மெயின் போர்டு மேல் பழி போட முடியாது. மூன்று ஸ்ட்ரிப், ஒவ்வொன்றிலும் ஆறு எல்இடி, ஒன்றுக்கு 3 வோல்ட். எல்லாம் ஒரே தொடர் வரிசை என்பதால் மொத்தம் 54 வோல்ட் வர வேண்டும். மீட்டரோ எண்பதைத் தொட்டுவிட்டுச் சடாரென்று விழுந்தது. “ஏன் ஏறியது?” என்று தேர்வாளரிடமிருந்து உடனே கேள்வி வந்தது. டிரைவர் குறிப்பிட்ட கரன்டைத் தள்ளப் பார்க்கிறது, வரிசை நடுவில் அறுந்திருப்பதால் கரன்ட் ஓடவில்லை, அதனால் வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போகிறது, எல்லை தாண்டியதும் அணைத்துக்கொள்கிறது என்றேன்.

வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், அவர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். ஒரு எல்இடி ஷார்ட் ஆனால்? அது மட்டும் இருட்டாகும், மற்றவை எரியலாம். சில டிரைவர் ஐசிகள் அதையும் கண்டுபிடித்து அணைத்துவிடும். மல்டிமீட்டரின் டயோடு மோடில் எரியாத எல்இடி செத்ததா? அவசரப்படாதீர்கள். சில ஸ்ட்ரிப்புகளில் வரும் 6 வோல்ட் எல்இடியை எரிய வைக்கப் பல மீட்டர்களுக்குத் தெம்பு போதாது.

பேனலைத் தூக்க ஆள் கேளுங்கள். ஓரத்தில் தொங்கும் மெல்லிய ரிப்பன் கேபிள் ஒன்று கிழிந்தால் டிவியே போச்சு. உதவி கேட்டதற்கு எனக்கு யாரும் மதிப்பெண் குறைக்கவில்லை. பேனலுக்குப் பின்னால் ஒளியைப் பரப்பும் ஷீட்டுகளை எடுத்த வரிசையிலேயே, மூலையைக் குறித்து, புரட்டாமல் அடுக்குங்கள்.

நடு ஸ்ட்ரிப்பில் ஐந்தாவது எல்இடி. லென்ஸுக்கு அடியில், மஞ்சள் பரப்பின் நடுவே கடுகை விடச் சின்னதாக ஒரு கரும்புள்ளி. தேர்வில் கொடுத்த ஒற்றை எல்இடியைத்தான் மாற்றினேன். வெளியில் என்றால் முழு செட்டையும் மாற்றுவேன்; மற்றவையும் அதே அளவு எரிந்து களைத்தவைதானே. லென்ஸைத் திரும்ப ஒட்டும்போது அது நகர்ந்தால் திரையில் அந்த இடம் வெள்ளை வட்டமாகத் தெரியும். ஷீட் போடும் முன் டெஸ்டரில் ஒரு தடவை எரிய விட்டுப் பார்த்துவிடுங்கள்.

பூட்டிய பிறகு மெனுவில் பேக்லைட் அளவை 100-லிருந்து 70-க்கு இறக்கினேன், சூடு குறையும் என்று. தேர்வாளர் தலையாட்டினார். அப்புறம் முழு வெள்ளைத் திரை வைத்துப் பார்த்தார். பேனலுக்கும் ஷீட்டுக்கும் நடுவில் என் தலைமுடி ஒன்று கோடாகக் கிடந்தது. அதற்கு இரண்டு மதிப்பெண் போனது, மற்றபடி பாஸ்.