பனியன் கம்பெனியில் எச்.ஆர். சாஃப்ட்வேர் கொண்டுவந்த ஒரு வருடம்

2022 ஆகஸ்டில் நான் எச்.ஆர். பார்க்கும் பனியன் கம்பெனியில், தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் பிரிவில் இருக்கும் ஓர் அக்காவுக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு வாரம் ஓய்வு எடுக்கச் சொன்னார்கள். இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) நோய்க்கால உதவித்தொகை வரும், வீட்டுச் செலவு எப்படியோ ஓடிவிடும் என்று நம்பித்தான் படுத்திருந்தார். ஆனால் உங்களுக்குத் தகுதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆறு மாத பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்காவது சம்பளமும் பங்களிப்பும் பதிவாகியிருந்தால்தான் அந்தத் தொகை கிடைக்கும். அவருக்குப் பார்த்த காலம் 2021 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை. அதில் அவர் கணக்கில் ஏறியிருந்தது 74 நாள்.

உண்மையில் அவர் வேலை செய்தது 83 நாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்குப் போய்விட்டு 2021 டிசம்பர் நடுவில்தான் திரும்பி வந்திருந்தார். அதனால் ஏற்கெனவே நாள் குறைவு. அதிலும் ஒன்பது நாளை நாங்கள் தொலைத்திருக்கிறோம். "எம்பட நாளு எங்கீங்க மேடம் போச்சு?" என்று கேட்டார். கோபமாகக் கூடக் கேட்கவில்லை. எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

எங்கே போனது என்று தேடிக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. அதே பிரிவில் அவர் பெயரிலேயே, அதே இனிஷியலில் இன்னொருவர் இருந்தார். இ.எஸ்.ஐ.க்கு மாதாமாதம் ஏற்றும் எக்செல் தாளில் நாள் கணக்கை, வேறு தாளில் தேடி எடுத்துவரும் வி-லுக்கப் சூத்திரம் போட்டு எடுத்துக்கொண்டிருந்தோம், அதுவும் பெயரை வைத்து. ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருந்தால் வி-லுக்கப் முதலில் கண்ணில் படுவதைத்தான் எடுக்கும். 2022 ஜனவரியில் முதலாமவர் வந்தது 13 நாள், இந்த அக்கா வந்தது 22 நாள். இருவருக்கும் 13 என்று போய்விட்டது. மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேடு, சம்பளப் பதிவேடு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நாலு தடவை அலைந்து, திருத்தி, பணம் அவர் கைக்கு வரும்போது நவம்பர் ஆகிவிட்டது. அந்த மூன்று மாதமும் அவர் வட்டிக்கு வாங்கித்தான் சமாளித்தார்.

எங்களுடையது திருப்பூரில் நடுத்தரமான ஒரு பனியன் கம்பெனி. இரண்டு யூனிட், 640 பேர். கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று எல்லாம் உள்ளேயே. எச்.ஆரில் நான், வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸில் இரண்டு பேர். அதுவரை எல்லாக் கணக்கும் எக்செல்லில்தான். நடந்ததை முதலாளியிடம் மறைக்காமல் சொன்னேன். "சரிங்க மேடம், நல்லதா ஒண்ணு பாருங்க. ஆனா சனிக்கிழமை சம்பளம் ஒரு வாரம் கூடத் தள்ளிப் போகக் கூடாது" என்றார். நியாயமான நிபந்தனை. வாரச் சம்பளத்தை நம்பி மளிகைக் கடையில் கடன் சொல்லி வைத்திருக்கும் குடும்பங்கள் இவை.

ஐந்து சாஃப்ட்வேர் நிறுவனங்களைக் கூப்பிட்டோம். ஐந்து பேரும் வந்து திரையில் வண்ண வண்ணமாக வரைபடங்கள் காட்டினார்கள். வேலையை விட்டுப் போகிறவர்கள் எத்தனை சதவீதம், ஆண் பெண் விகிதம், பிறந்தநாள் வாழ்த்து. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது ஆள் காட்டி முடித்தபோதுதான் எனக்கு உறைத்தது: இவர்கள் காட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எதையும் முடிவு செய்ய முடியாது. நம் கணக்கை அவர்களிடம் கொடுத்துப் போடச் சொல்ல வேண்டும்.

2022 அக்டோபர் மாதத்தை எடுத்தேன். அந்த வருடம் தீபாவளி 24-ம் தேதி. போனஸ், அட்வான்ஸ், ஓவர்டைம், ஊருக்குப் போய்த் திரும்பி வராதவர்கள் என்று எல்லாச் சிக்கலும் ஒரே மாதத்தில். அதில் கணக்குப் போடக் கஷ்டமான 40 பேரைத் தேர்ந்தெடுத்து, பெயரையும் ஆதார் எண்ணையும் எடுத்துவிட்டு, ஐந்து பேருக்கும் அனுப்பி, ஒரு வாரம் டைம் கொடுத்தேன். சரியான விடையை முன்பே பேப்பரில் கையால் போட்டு வைத்திருந்தேன்.

அந்த 40 பேரில் மூன்று பேரைப் பற்றிச் சொன்னால் போதும்.

ஒருவர் பவர் டேபிள் டெய்லர். மாதச் சம்பளம் 20,400, ஓவர்டைம் 2,600. அப்போது இ.எஸ்.ஐ.க்குள் வரச் சம்பள வரம்பு 21,000 ரூபாய். ஆனால் அன்றைய விதிப்படி வரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைமைச் சேர்க்கக் கூடாது. பிடித்தம் போடும்போது சேர்க்க வேண்டும். அதாவது அவர் இ.எஸ்.ஐ.க்குள்தான் இருக்கிறார், 23,000-க்கு 0.75 சதவீதம் பிடிக்க வேண்டும். 172 ரூபாய் 50 காசு வருகிறது, மேல் ரூபாய்க்கு ஏற்றி 173. இரண்டு சாஃப்ட்வேர்கள் அவரை இ.எஸ்.ஐ.யிலிருந்தே வெளியே தள்ளிவிட்டன. பரபரப்பான சீசனில் நிறைய உழைத்த ஒரே காரணத்துக்காக ஒருவருக்கு மருத்துவ வசதி நின்றுபோகும் என்றால் அதை எப்படி ஏற்பது?

இரண்டாவது, வாரச் சம்பளக்காரர் ஒருவர். எங்களுக்கு வாரம் என்பது திங்கள் முதல் சனி வரை. அந்த அக்டோபர் 31 திங்கட்கிழமையில் விழுந்தது. சனிக்கிழமை நவம்பர் 5 அன்று கொடுக்கும் சம்பளத்தில் முதல் நாள் மட்டும் அக்டோபரைச் சேர்ந்தது, மீதி ஐந்து நாள் நவம்பர். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. இரண்டுமே மாதக் கணக்கு. அந்த ஒரு நாளைப் பிரித்து அக்டோபரில் சேர்க்க வேண்டும். மூன்று பேரால் முடியவில்லை. ஒருவர், "நீங்க மாதச் சம்பளத்துக்கு மாறிடலாமே மேடம்" என்றார். 640 குடும்பங்கள் தங்கள் வரவு செலவை ஒரு சாஃப்ட்வேருக்காக மாற்ற முடியாது என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்றாவது, ஒரு சூப்பர்வைசரின் தொழில் வரி. தமிழ்நாட்டில் அது அரையாண்டுக்கு ஒரு முறை. மாதாமாதம் பிடிக்கும் மாநிலங்களுக்கு எழுதியதை அப்படியே நமக்கும் விற்கிறார்கள். "அதை மட்டும் நீங்க கையால அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்ற பதில் வந்தது. கையால் போட்டு வந்த கஷ்டம்தானே நம்மை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

ஷிப்ட் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே எல்லோரும் ஒன்றரை ஷிப்ட் என்றுதான் பேசுவோம். பதிவேட்டில் அது எட்டு மணி நேரமும் அதற்கு மேல் ஓவர்டைமும். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பது அப்போது அமலில் இருந்த 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 59-வது பிரிவு. தொழிலாளி பேசுவதும் சட்டம் கேட்பதும் ஒரே திரையில் தெரிய வேண்டும் என்று கேட்டோம். செய்து கொடுத்தது இரண்டு பேர்தான்.

அந்த இரண்டில் ஒன்றை எடுப்பதற்கு முன், அதை ஏற்கெனவே பயன்படுத்தும் பல்லடம் பக்கத்துக் கம்பெனி ஒன்றுக்குப் போனேன். அங்கே மேனேஜரைப் பார்த்ததை விட, டைம் ஆபீஸில் அதைத் தினமும் தட்டிக்கொண்டிருந்த தங்கச்சியிடம் உட்கார்ந்து பேசிய அரை மணி நேரம்தான் உதவியது. எங்கே சிக்கும், போன் பண்ணினால் யார் எடுப்பார், 15-ம் தேதி பி.எஃப். கட்டக் கடைசி நாளன்று பதில் வருமா என்று எல்லாவற்றையும் அந்தப் பெண்தான் சொன்னது. ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொன்னதும் அதுதான். தலைக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் வாங்குவார்கள். அந்தத் தலைக் கணக்கில் வேலையை விட்டுப் போனவர்கள் வரக் கூடாது. நாம் விலகிப் போனால் மொத்தத் தகவலையும் எக்செல்லில் திருப்பித் தர வேண்டும். எங்களிடம் நிற்பது 640 பேர் என்றாலும் வருடத்துக்கு ஆயிரம் பேருக்குக் கிட்ட ஊழியர் எண் போடுகிறோம். அந்த முதல் வரி மட்டும் இல்லையென்றால் செலவு எங்கேயோ போயிருக்கும்.

சாஃப்ட்வேர் வாங்கியாகிவிட்டது. அப்புறம்தான் பெரிய வேலை. 2023 மார்ச்சிலிருந்து ஜூன் வரை நாலு மாதம் பெயர்களையே சரிசெய்துகொண்டிருந்தோம். ஆதாரில் ஒரு மாதிரி, பி.எஃப்.பில் ஒரு மாதிரி, பாங்க் பாஸ்புக்கில் ஒரு மாதிரி, எங்கள் பதிவேட்டில் இன்னொரு மாதிரி. இனிஷியல் முன்னால், பின்னால், புள்ளி வைத்து, வைக்காமல். 2021 செப்டம்பரிலிருந்து ஆதார் இணைக்காத பி.எஃப். எண்ணுக்குப் பணம் கட்ட முடியாது என்பதால் ஓரளவு சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். 640-ல் 212 பேருக்கு ஏதோ ஓர் இடத்தில் எழுத்து மாறியிருந்தது. ஒடிசாவிலிருந்து வந்த பெண்களின் பெயர்களை நாங்கள் காதில் விழுந்தபடி எழுதி வைத்திருந்தோம். ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, ஆதாரைப் பார்த்து, அவர்களையே படிக்கச் சொல்லித் திருத்தினோம். அந்த சாஃப்ட்வேர் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்டது. நம்மில் யாருக்குக் கடைசிப் பெயர் இருக்கிறது? ஆதாரில் உள்ளபடி பெயர் என்று ஒரே கட்டமாக மாற்றச் சொல்லிப் பிடிவாதமாக நின்றோம். மாற்றிக் கொடுத்தார்கள். தேடுவது எல்லாம் இனிமேல் எண்ணை வைத்து மட்டும்தான், பெயரை வைத்து இல்லை என்பதையும் அன்றே முடிவு செய்தோம்.

போன் நம்பரில் நான் யோசித்தே பார்க்காத ஒன்று வந்தது. சம்பளச் சீட்டு போனுக்கே போய்விடும் என்பதைப் பெரிய வசதியாகச் சொல்லியிருந்தார்கள். நம்பர் சரிபார்க்கும்போது ஒரு டெய்லர் அக்கா அருகில் வந்து மெதுவாக, "அந்த நம்பருக்குச் சம்பளம் எவ்வளவுன்னு போகாம பாத்துக்குங்க மேடம்" என்றார். அது கணவருடைய நம்பர். அதற்கப்புறம் பார்த்தால், பாதிக்கு மேற்பட்ட பெண்கள் கொடுத்திருந்தது வீட்டு ஆண்களின் நம்பர், அல்லது ஹாஸ்டல் வார்டனின் நம்பர். ஒரு பெண் தன் சம்பளத்திலிருந்து மகளுக்காகக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கிறாள் என்றால் அதைக் காட்டிக்கொடுக்கும் வேலை எங்களுடையது கிடையாது. போனுக்கு அனுப்புவதை, வேண்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கேட்டவர்களுக்கு மட்டும் என்று வைத்தோம். மற்ற எல்லோருக்கும் காகிதச் சீட்டு, மடித்து ஒட்டி, அவரவர் கையில்.

வருகைப் பதிவு மெஷினுக்கு வருகிறேன். முதலில் வைத்தது விரல் ரேகை. அயர்னிங் ஆட்களுக்கும் வயதான அக்காக்களுக்கும் ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. நாலு தடவை வைத்தாலும் எடுக்காது. பஞ்சுத் தூசு வேறு கண்ணாடியில் படிந்துகொண்டே இருக்கும். முகம் பார்க்கும் மெஷினுக்கு மாறினோம். ஓர் ஆளுக்கு நாலு விநாடி என்றாலும் 640 பேருக்கு ஒரு மெஷினில் 43 நிமிடம். எட்டரை மணி ஷிப்டுக்கு எட்டு மணிக்கு முன்பே வந்து வரிசையில் நில் என்று சொல்ல முடியுமா? நாலு மெஷின் வாங்கினோம். மாட்டிய மறுநாள் காலையில் பாதிப் பேரை எடுக்கவில்லை. எங்கள் கேட் கிழக்கு பார்த்தது. உள்ளே வருகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் சூரியன், முகமெல்லாம் நிழல். மெஷினை ஷெட்டுக்குள் இருபது அடி தள்ளி மாட்டியதும் சரியாகிவிட்டது.

ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் பழைய எக்செல்லையும் புதியதையும் சேர்த்தே ஓட்டினோம். இரட்டை வேலைதான், ஆனால் இதை மட்டும் யாரும் விட்டுவிட வேண்டாம் என்பேன். முதல் மாதம் 61 பேருக்குத் தொகை வேறுபட்டது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்ததில் 17 இடத்தில் சாஃப்ட்வேரில் நாங்கள் போட்ட அமைப்பு தப்பு. மீதி 44-ல் தப்பு எங்கள் எக்செல்லில். எத்தனை வருடமாக அப்படிப் போய்க்கொண்டிருந்ததோ. கணக்கெடுத்துக் குறைந்தவர்களுக்குக் கொடுத்தோம். கூடுதலாகப் போனதை யாரிடமும் திருப்பிக் கேட்கவில்லை.

தமிழில் சீட்டு வேண்டும் என்பது என் பிடிவாதம். முதலில் வந்த பி.டி.எஃப்.பில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகப் பிரிந்து கிடந்தது. அதைச் சரிசெய்து வந்ததில் மொழிபெயர்ப்பு இடித்தது. மீதியுள்ள லீவுக்குச் 'சமநிலை விடுப்பு' என்று போட்டிருந்தார்கள். லைனில் இருக்கும் ஐந்து அக்காக்களைக் கூப்பிட்டு, ஒவ்வொரு வரிக்கும் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று கேட்டு எழுதினேன். வேலை நாள், ஓவர்டைம் மணி, பிடித்தம், அட்வான்ஸ் பிடித்தது, மீதி லீவு, கையில் வருவது. இந்தியிலும் ஒடியாவிலும் இதே மாதிரி அந்தந்தப் பெண்களை வைத்தே எழுதினோம்.

2023 அக்டோபர் 1-ஐ ஆரம்ப நாளாக வைத்தோம். இ.எஸ்.ஐ. பங்களிப்புக் காலம் அன்றுதான் தொடங்குகிறது, ஆறு மாதக் கணக்கு நடுவில் உடையாது. முதல் சனிக்கிழமை 7-ம் தேதி. சம்பளம் நேரத்துக்குப் பாங்கில் ஏறிவிட்டது, சீட்டும் கொடுத்தாகிவிட்டது. ஐந்தரை மணிக்கு அதே செக்கிங் அக்கா டைம் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். கையில் சீட்டு, இன்னொரு கையில் வீட்டுக் காலண்டர் தாளை மடித்து வைத்திருந்தார். வந்த நாளுக்கெல்லாம் பென்சிலில் சுழித்து வைக்கும் பழக்கம் அந்த ஆகஸ்டுக்கு அப்புறம் வந்ததாம்.

"இதுல அஞ்சு நாளுன்னு இருக்குதுங்க. திங்கக்கிழமை காந்தி ஜெயந்தி. அதுக்குச் சம்பளம் உண்டுதானுங்க மேடம்?"

உண்டு. திறந்து பார்த்தால், செக்கிங், பேக்கிங் ஆட்கள் ஒன்பது மணிக்கு வருகிறார்கள் என்று செப்டம்பர் கடைசியில் அவர்களுக்குத் தனி ஷிப்ட் போட்டிருந்தோம். அந்தப் புது ஷிப்டோடு விடுமுறைப் பட்டியலை இணைக்க விட்டுப்போயிருந்தது. 38 பேருக்கு ஒரு நாள் சம்பளமும், இ.எஸ்.ஐ. கணக்கில் ஒரு நாளும் குறைந்திருந்தன. அன்று இரவு எட்டு மணிக்குள் திருத்தி, திங்கட்கிழமை காலையில் பணம் போட்டு, 38 பேருக்கும் புதுச் சீட்டு அடித்துக் கொடுத்தோம். புதிதாக ஷிப்ட் உருவாக்கினால் விடுமுறைப் பட்டியலைக் கேட்காமல் சேமிக்கவே கூடாது என்று சாஃப்ட்வேர்காரர்களிடம் எழுதிக் கேட்டோம், அடுத்த மாதம் செய்து கொடுத்தார்கள். அந்த அக்கா புதுச் சீட்டில் ஆறு நாள் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, காலண்டர் தாளோடு சேர்த்து மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு லைனுக்குப் போனார்.