ஆடியில் பார்த்த மண்டபம்

தங்கையின் கல்யாணம் தை மாதம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அதற்காகத் திருச்சியில் ஒரு மண்டபம் பிடிக்க நாங்கள் பட்ட பாடு இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. இப்போது தேடிக்கொண்டிருப்பவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முகூர்த்தம் தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை 9 முதல் 10.30 வரை. மார்கழி முழுக்கக் கல்யாணம் இல்லாததால், தை பிறந்ததும் ஊரே அதே நாலைந்து தேதிகளுக்கு மோதும். வளர்பிறை ஞாயிறு என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் ஆடியிலேயே தேடத் தொடங்கினோம். ஆடியில் மண்டபங்கள் காலியாகக் கிடக்கும், மேனேஜர்களுக்கும் நேரம் இருக்கும், நிதானமாகச் சுற்றிப் பார்க்கலாம் என்று நினைத்தோம். தப்பு செய்தது அங்கேதான்.

முதலில் பார்த்த மண்டபத்தில் தேதி இருந்தது. "நாளைக்கு வந்து பத்தாயிரம் கட்டிடுங்க தம்பி, உங்க பேர்ல எழுதி வச்சுடறேன்" என்றார் அங்கிருந்தவர். நம்பி வந்துவிட்டோம். மறுநாள் பணத்தோடு போனால் அந்தத் தேதியில் வேறு பெயர். முந்தின நாள் சாயங்காலமே வேறொருவர் முழு வாடகையையும் கட்டிவிட்டாராம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, பைக்கில் திரும்பி வரும் வழியெல்லாம் பேசவே இல்லை. தேதி காலியாக இருக்கிறது என்று சொல்லும் இடத்துக்குக் கையில் ஒரு தொகை இல்லாமல் போகவே போகாதீர்கள். ரசீது வாங்காத வாய்வார்த்தைக்கு அங்கே எந்த மதிப்பும் கிடையாது.

அந்தப் பதற்றத்தில்தான் இரண்டாவது மண்டபத்தில் அவசரப்பட்டோம். ஏசி ஹால், ஆயிரம் நாற்காலி, கண்ணாடி மாதிரி தரை. அம்மாவுக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. ஆடியில் முன்பணம் கொடுக்க மனசு வராமல், பதினெட்டாம் பெருக்கு அன்றைக்குக் கொடுக்கலாம் என்றார். காவிரிக் கரையெல்லாம் கூட்டம் நெரிய, அதற்குள் புகுந்து போய் 25,000 கட்டிவிட்டு வந்தோம். வாடகை ஒன்றரை லட்சம் என்று பேச்சு. அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., அதாவது இன்னொரு 27,000, உண்டு என்பதை ரசீது போடும்போதுதான் சொன்னார்கள். கரண்டுக்கும் ஜெனரேட்டர் டீசலுக்கும் துப்புரவுக்கும் தனித்தனிக் காசு.

ஆவணி பிறந்ததும் அப்பாவோடு வேலை பார்த்தவர் வீட்டுக் கல்யாணம் அதே மண்டபத்தில் நடந்தது. சரி, நம் மண்டபத்தை ஒரு தரம் பார்த்த மாதிரியும் ஆகும் என்று எல்லோரும் போனோம். போனதால் பிழைத்தோம்.

சாப்பாட்டுக் கூடம் முதல் மாடியில். அது முன்பே தெரியும், லிஃப்ட் இருக்கிறதே என்று விட்டிருந்தோம். அன்றைக்கு லிஃப்ட் ஓடவில்லை. ஓடினாலும் நாலு பேருக்கு மேல் நிற்க முடியாது. பெரியம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். படிக்கட்டுப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்துவிட்டு நாங்கள் மட்டும் மேலே போனோம். மேலே ஒரு பந்திக்கு 120 இலைதான். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் முதுகுக்குப் பின்னால் அடுத்த ஆள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பந்தி முடிந்து, இலை எடுத்து, மேசை துடைத்து, அடுத்த பந்தி உட்கார 40 நிமிடம் ஆனது. எங்கள் வீட்டுக்கு 600 பேர் வந்தால் ஐந்து பந்தி, மூன்று மணி நேரத்துக்கும் மேல். கரூரிலிருந்து பஸ்ஸில் வரும் மாப்பிள்ளை வீட்டாரை அப்படி நிற்க வைக்க முடியுமா? ஹாலில் எத்தனை நாற்காலி என்று கேட்டோமே தவிர, ஒரு பந்திக்கு எத்தனை இலை விழும் என்று யாரும் கேட்கவில்லை.

அதோடு போகவில்லை. எங்கள் சமையல் மாஸ்டரைப் பற்றிச் சொன்னதும், "வெளி சமையலுக்கு இங்க அனுமதி இல்லையே, எங்க காண்ட்ராக்டர்கிட்டதான் கொடுக்கணும்" என்றார்கள். ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அதுவும் இருந்தது. அதற்குக் கீழேயே 'முன்பணம் திருப்பித் தரப்படாது' என்ற வரியும் இருந்தது.

அந்த மண்டபம் வேண்டாம் என்று முடிவு செய்தாலும் முன்பணத்தை விட்டுவிட மனசில்லை. நான்கு முறை அலைந்தேன். ஒவ்வொரு முறையும் ஓனர் ஊரில் இல்லை என்ற பதில். கடைசியில், "அந்தத் தேதி வேற பார்ட்டிக்குப் போச்சுன்னா பார்க்கலாம்" என்றார்கள். அதை மட்டும் எழுதித் தரும்படி கேட்டு, ரசீதின் மேலேயே கையெழுத்தோடு வாங்கிக்கொண்டேன். தையில் வளர்பிறை ஞாயிறு போகாமல் இருக்குமா? ஐப்பசியில் தேதி விற்றுப்போனது தெரிந்ததும் அந்த ரசீதோடு போய் நின்றேன். 15,000 திரும்பக் கிடைத்தது. மீதி 10,000 போனது போனதுதான். இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மூன்றாவது மண்டபத்துக்குப் போனபோது மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு போனேன், ஒரு முகூர்த்த நாளில், பந்தி நடக்கும் நேரமாகப் பார்த்து. அவர் ஹால் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகச் சமையல்கட்டுக்குப் போனார். குழாய்த் தண்ணீரைக் கையில் ஏந்தி வாயில் வைத்துப் பார்த்தார். "போர் தண்ணி உப்பா இருக்கு தம்பி, சமைக்க நல்ல தண்ணி லாரி சொல்லணும், அதுக்கு யார் காசுன்னு கேளுங்க" என்றார். அடுப்பு எத்தனை, புகை போக வழி இருக்கிறதா, கழுவிய தண்ணீர் தேங்காமல் ஓடுகிறதா, அரிசி மூட்டை வைக்கப் பூட்டுள்ள அறை உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். அண்டா, குண்டான், கரண்டி எண்ணி வாங்கி எண்ணித் திருப்ப ஒரு ஆளைத் தனியாக நிறுத்தச் சொன்னதும் அவர்தான். காணாமல் போகும் ஒவ்வொரு கரண்டிக்கும் பில் வரும்.

பழைய மண்டபம். ஹாலில் ஏசி கிடையாது, பெரிய மின்விசிறிகள்தான். தைக் குளிரில் அது ஒரு குறையாகத் தோன்றவில்லை. சாப்பாட்டுக் கூடம் தரைத்தளத்தில், ஒரு பந்திக்கு 240 இலை. சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவில் கொஞ்ச நேரம்தான். வெளி சமையலுக்குத் தடை இல்லை. அன்றைக்கே பணம் கட்டப் போனால், பெண்ணுக்கு 18, மாப்பிள்ளைக்கு 21 முடிந்ததற்குச் சான்று இல்லாமல் எழுத மாட்டோம் என்றார்கள். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கத்தான் கேட்கிறார்கள், நியாயம்தான். ஆனால் மாப்பிள்ளையின் சான்று கரூரில் இருந்தது. முதல் மண்டபத்தில் பட்டது நினைவுக்கு வர, தொகையைக் கட்டி, 'சான்று நாளை' என்று எழுதிய ரசீதை வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன். இருவரின் வயதுச் சான்று நகலையும் முதல் நாளே பையில் வைத்துக்கொள்ளுங்கள். ரசீதில் பெண், மாப்பிள்ளை பெயரும் தேதியும் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கல்யாணத்தைப் பதிவு செய்யப் போனபோது பத்திரிகையோடு அதையும் வைத்தோம். 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதால் அந்த ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.

கல்யாணத்தில் குறையில்லை. பெரியம்மா முதல் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

மதியம் மூன்று மணிக்கு மண்டபத்தை ஒப்படைக்க வேண்டும். கணக்கு முடிக்கும்போது கரண்டுக்கு 640 யூனிட், யூனிட்டுக்கு 25 ரூபாய் என்று எழுதியிருந்தது. முந்தின நாள் சாவி வாங்கியதும் முதல் வேலையாக மீட்டரைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். கணக்குப் போட்டால் 428 யூனிட்தான் வந்தது. போனை நீட்டினேன். மேனேஜர் மீட்டரையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பழைய ரீடிங்கைத் தவறாக எழுதிவிட்டதாகச் சொல்லி 5,300 ரூபாயைக் குறைத்தார். அதற்குள் வாசலில் அடுத்த கல்யாணத்துக்காரர்களின் மளிகை வண்டி வந்து நின்றுவிட்டது. அதிலிருந்து இறங்கிய பையனைக் கூப்பிட்டு, முதலில் மீட்டரைப் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.