விக்: ஹெர்ரிங் மீனுக்காக எழுந்த துறைமுக நகரம்

ஸ்காட்லாந்தின் வடகிழக்கு மூலையில், கெய்த்னெஸ் வட்டாரத்தின் கடலோரத்தில் இருக்கிறது விக் என்னும் சிறு துறைமுக நகரம். இன்வர்னஸிலிருந்து புறப்படும் ரயில் கொஞ்ச தூரம் கடலை ஒட்டியும், பிறகு மரங்களே இல்லாத சதுப்பு வெளியின் நடுவிலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடி, தண்டவாளம் முடியும் இந்த ஊரில் வந்து நிற்கிறது. இவ்வளவு தூரம் வருபவர்களில் பலர் ஜான் ஓ'குரோட்ஸ் முனையைப் பார்க்கவோ, ஆர்க்னி தீவுகளுக்குக் கப்பல் ஏறவோ விரைந்துவிடுகிறார்கள். நான் விக்கிலேயே தங்கினேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் மிகப் பெரிய ஹெர்ரிங் மீன்பிடித் துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கிய ஊர் இது. அந்த மீனைப் பிடித்தவர்களும், குடலெடுத்து உப்பிட்டவர்களும் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அவர்கள் உழைத்த தெருக்களிலேயே நடந்து அறிய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆவல்.

ஊரை ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. வடகரையில் 1589ஆம் ஆண்டு அரச சாசனம் பெற்ற பழைய விக், தென்கரையில் புல்ட்னிடவுன். 1902 வரை இவை தனித்தனி நகரங்களாகவே இருந்தன. பாலத்தருகே, 2.06 மீட்டர் நீளமே உள்ளதால் உலகின் மிகச் சிறிய தெரு என்று பெயர்பெற்ற எபினேசர் பிளேஸ் இருக்கிறது. பயணிகள் அதன் முன் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். என் மனம் தென்கரையையே நாடியது.

புல்ட்னிடவுன் தானாக வளர்ந்த ஊரன்று. 1786இல் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் மீன்வளச் சங்கம், பிரிட்டனின் கடலோரத்தில் கூட்டங்கூட்டமாக வரும் ஹெர்ரிங்கை டச்சுக்காரர்கள் அள்ளிச்செல்வதைத் தடுத்து, வடக்கு ஸ்காட்லாந்தின் ஏழை மக்களுக்கு நிலையான தொழில் ஒன்றை உண்டாக்க விரும்பியது. அதற்காகப் பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்ட் 1790இல் இந்தக் கரையை ஆராய்ந்தார். 1803இல் நிலம் வாங்கப்பட்டு, துறைமுகமும் அதையொட்டிய குடியிருப்பும் அவருடைய வரைபடத்தின்படி எழுந்தன. சங்கத்தின் தலைவராக இருந்து 1805இல் மறைந்த சர் வில்லியம் புல்ட்னியின் பெயரே ஊருக்குச் சூட்டப்பட்டது. துறைமுகத்தை ஒட்டிய தாழ்வான பகுதி முழுவதும் தொழிலுக்கு: தரைத்தளத்தில் பண்டகசாலையும் பட்டறையும், பின்னால் மீனை உப்பிடும் முற்றம், மேல்தளத்தில் குடியிருப்பு. மேட்டின்மேல் அமைந்த பகுதி வசிப்பதற்கு; அதன் நடுவே ஆர்கைல் சதுக்கம், அதைச் சுற்றிச் சாம்பல் நிறக் கல்வீடுகள். ஒரு மீனின் வழித்தடத்தை முன்வைத்து ஒரு நகரத்தையே திட்டமிட்டிருக்கிறார்கள் என்பது, படிக்கட்டுகளில் ஏறி இறங்கி நடக்கும்போதுதான் முழுமையாக விளங்குகிறது. டெம்ப்ஸ்டர், ஹடார்ட், பிரெடால்பேன் என்று தெருக்களுக்கெல்லாம் சங்கத்தோடு தொடர்புடைய பெரியவர்களின் பெயர்களே வைக்கப்பட்டிருக்கின்றன. இந்த ஊரைத் தங்கள் கைகளால் வாழவைத்த பெண்களுள் ஒருத்தியின் பெயரைக்கூட நான் நடந்த தெருக்களின் பெயர்ப்பலகைகளில் காணவில்லை என்பது எனக்கு வருத்தம் தந்தது.

அந்தப் பெண்களைக் காண பேங்க் ரோ தெருவிலுள்ள அருங்காட்சியகத்துக்குள் போக வேண்டும். 1971இல் தொடங்கப்பட்ட விக் சங்கம் அதை நடத்துகிறது. நுழைவாயிலில் வரவேற்பவர்கள் முதல் காட்சிப்பொருள்களைத் துடைத்து வைப்பவர்கள் வரை அனைவரும் உள்ளூர்த் தன்னார்வலர்கள். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வீடு. உள்ளே போகப் போக, பீப்பாய் செய்யும் பட்டறை, மீனைப் புகையூட்டும் சூளை, பழைய வீட்டு அறைகள், கலங்கரை விளக்கின் பெரிய விளக்கு என்று விரிந்துகொண்டே இருக்கிறது. எனினும் அங்கே என்னை நெடுநேரம் நிறுத்தியவை ஜான்ஸ்டன் குடும்பத்தின் ஒளிப்படங்கள். 1863இல் அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் இந்த ஊரில் ஒளிப்பட நிலையம் தொடங்கினார். மூன்று தலைமுறைகளாக, 1975 வரை, அந்தக் குடும்பம் விக்கின் வாழ்க்கையைப் படமெடுத்துக்கொண்டே இருந்தது. அவர்கள் எடுத்ததாகக் கருதப்படும் ஒரு லட்சம் கண்ணாடித் தகடுகளில் ஏறத்தாழ 50,000 இன்றும் எஞ்சியுள்ளன. திருமணங்கள், கடைகள், புயலில் உடைந்த படகுகள், பனியில் நிற்கும் குழந்தைகள், கரையெங்கும் மலைபோல் அடுக்கிய பீப்பாய்கள் என அனைத்தும் அவற்றில் இருக்கின்றன. அரசர்களின் வரலாற்றைப் பாதுகாக்க எத்தனையோ பேர் உண்டு. ஒரு சிற்றூரின் அன்றாடம் இவ்வளவு தொடர்ச்சியாகப் பதிவாகியிருப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்தப் படங்களில் மீன் குடலெடுக்கும் பெண்கள் நீண்ட மரத்தொட்டியின் இருபுறமும் வரிசையாக நிற்கிறார்கள். முழங்கைக்கு மேல் மடித்த சட்டை, கணுக்கால்வரை தொங்கும் எண்ணெய்த்துணி மேலாடை, விரல்களில் இறுக்கிச் சுற்றிய துணிப் பட்டைகள். அந்தத் துணிக்குக் காரணம் உண்டு. குட்டையான கத்தியைச் செவுளருகே செருகி ஒரே திருப்பலில் குடலை வெளியே எடுக்கும்போது கத்தி விரலைக் கீறும். கீறிய இடத்தில் உப்பு ஏறினால் புண் பல நாள் ஆறாது. மூவர் சேர்ந்தது ஒரு குழு: இருவர் குடலெடுத்து, மீனை அளவுவாரியாகப் பிரித்து, பின்னாலிருக்கும் தொட்டிகளில் திரும்பிப் பாராமலே வீசுவார்கள், மூன்றாமவர் பீப்பாய்க்குள் குனிந்து, அடுக்குக்கு அடுக்கு உப்பைத் தூவி, மீன்களை வரிசை பிசகாமல் அடுக்குவார். தேர்ந்தவர்கள் நிமிடத்துக்கு 40 மீனுக்கு மேல் முடித்துவிடுவார்கள். பிடித்த 24 மணி நேரத்துக்குள் உப்பிட்டால்தான் அரசு அதிகாரி பீப்பாயின்மேல் கிரீட முத்திரை இடுவார் என்பதால், படகுகள் நிறைய மீனோடு வந்த நாள்களில் இரவு விளக்கொளியிலும் வேலை தொடர்ந்தது. பருவத்துக்கு முன்பே முன்பணம் கொடுத்து இவர்களை அமர்த்திக்கொள்வார்கள். பிற்காலத்தில் ரயிலும் நீராவிக் கப்பலும் வந்தபின், மீனைத் தொடர்ந்து ஷெட்லாந்து முதல் இங்கிலாந்தின் யார்மவுத் வரை இவர்கள் பயணம் செய்தார்கள்.

படகுகளின் வேலை மாலையில் தொடங்கியது. இருள் கவியும் நேரத்தில் வலைகளைத் திரைபோலக் கடலில் தொங்கவிட்டு, இரவு முழுவதும் மிதந்துகொண்டே காத்திருந்து, விடியலில் மீனோடு திரும்புவார்கள். உப்புநீரில் வலை மட்காமலிருக்க அதைப் பெரிய கொப்பரைகளில் மரப்பட்டைச் சாற்றில் காய்ச்சி எடுத்தார்கள். பின்னர் அதற்குக் காசுக்கட்டியைப் பயன்படுத்தினார்கள். பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலேறிய, நாம் வெற்றிலையோடு மெல்லும் அதே காசுக்கட்டிதான். விக்கின் செல்வம் எத்தனை தொலைவான நிலங்களோடு பிணைந்திருந்தது என்பதற்கு அது ஒரு சான்று. இன்னொரு சான்று கசப்பானது. ஸ்காட்லாந்தில் உப்பிட்ட ஹெர்ரிங்கில் ஒரு பெரும்பங்கு, தொடக்கத்தில், மேற்கிந்தியத் தீவுகளின் தோட்டங்களில் அடிமைப்படுத்தப்பட்டிருந்த மக்களுக்கு மலிவான உணவாக அனுப்பப்பட்டது. 1830களில் அங்கே அடிமைமுறை ஒழிந்தபின் அயர்லாந்தும், ஸ்டெட்டின், டான்சிக் போன்ற பால்டிக் துறைமுகங்களும் முக்கியச் சந்தைகளாயின. துறைமுகத்தின் பெருமையைச் சொல்பவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

1860களின் தொடக்கத்தில் பருவம் உச்சத்திலிருந்தபோது இங்கிருந்து 1,100க்கும் மேற்பட்ட படகுகள் கடலுக்குப் போயின. மேற்கு மலைநாட்டிலிருந்தும் ஹெப்ரிடீஸ் தீவுகளிலிருந்தும் கேலிக் மொழி பேசும் கூலியாட்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிய, ஊர் பிதுங்கியது. 1859 ஆகஸ்டில் ஓர் ஆரஞ்சுப் பழத்துக்காக இரு சிறுவர்களிடையே எழுந்த சண்டை, உள்ளூர்க்காரர்களுக்கும் தீவுக்காரர்களுக்கும் இடையிலான பெருங்கலவரமாக மாறிப் பல நாள் நீடித்தது. அடக்குவதற்குப் படையை வரவழைக்க நேர்ந்தது. நெருக்கடியும் பகையும் எவ்வளவு முற்றியிருந்திருந்தால் ஒரு பழம் அதற்குப் போதுமானதாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

கடல் வாங்கிய உயிர்களின் கணக்கு வேறு. 1848 ஆகஸ்ட் 19, சனிக்கிழமை அதிகாலையில் வீசிய புயலில், கரை திரும்ப முயன்ற படகுகள் துறைமுக வாயிலிலேயே சிதறின. நீர்வற்றத்தில் உள்ளே நுழையப் போதிய ஆழம் இல்லை. படகுகளுக்கோ மேல்தளம் கிடையாது, அலை ஏறினால் நிரம்பிவிடும். கரையில் நின்ற குடும்பத்தார் கண்ணெதிரே பலர் மாண்டனர். விக்கில் மட்டும் 37 பேர். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரை முழுவதும் ஏறத்தாழ 100 பேர். இதை விசாரித்த கப்பற்படை அதிகாரி ஜான் வாஷிங்டன், 1849இல் அளித்த அறிக்கையில் மேல்தளம் உள்ள படகுகளும், எந்நேரமும் நுழையக்கூடிய ஆழமான துறைமுகங்களும் தேவை என்று வலியுறுத்தினார். மேல்தளம் மீன் வைக்கும் இடத்தைக் குறைக்கும் என்று பழைய மீனவர்கள் தயங்கினாலும், அடுத்த தலைமுறையில் மாற்றம் வந்தது.

துறைமுகத்தை ஆழ்கடல்வரை காக்கும் முயற்சி மட்டும் தோற்றது. கலங்கரை விளக்கங்களுக்குப் பெயர்பெற்ற ஸ்டீவன்சன் பொறியாளர் குடும்பம் 1863இல் விரிகுடாவின் குறுக்கே அலைதடுப்புச் சுவர் ஒன்றைக் கட்டத் தொடங்கியது. 1872ஆம் ஆண்டுப் புயலில் 1,350 டன் எடையுள்ள அதன் முனைப்பகுதியே பெயர்ந்தது. அதற்குப் பதிலாக வைத்த 2,600 டன் எடையுள்ள முனையும் 1877இல் நகர்ந்துபோனது. அத்துடன் கைவிட்டார்கள். நீர் வற்றும்போது அதன் மிச்சத்தைத் தெற்குக் கரையிலிருந்து பார்க்க முடிகிறது.

புல்ட்னிடவுனில் 1826 முதல் ஒரு விஸ்கி வடிசாலை இயங்குகிறது. ஒரு காலத்தில் மீனவர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்திலேயே விஸ்கியும் ஒரு பங்காக இருந்தது என்றால், வீடுகளில் பெண்கள் பட்ட துன்பத்தை ஊகிக்கலாம். 1913ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு ஊரும் வாக்களித்து மதுக்கடைகளை மூடலாம் என்று வழிவகுத்தபோது, விக் மக்கள் அதைப் பயன்படுத்தினர். 1922 முதல் 1947 வரை இங்கே மதுக்கடை கிடையாது. வடிசாலையும் 1930இல் மூடப்பட்டு 1951இல்தான் மீண்டும் திறந்தது.

அருங்காட்சியகம் இருக்கும் அதே பேங்க் ரோவில் ஒரு சிறு நினைவுத் தோட்டம் உண்டு. 1940 ஜூலை 1ஆம் தேதி பிற்பகலில் ஜெர்மானிய விமானம் வீசிய குண்டுகள் இங்கே விழுந்து 15 பேர் இறந்தனர். அவர்களுள் 8 பேர் குழந்தைகள். கோடை நாளில் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். தோட்டத்தைவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

முதல் உலகப் போர் ஜெர்மனி, ரஷ்யச் சந்தைகளை அடைத்தபின் ஹெர்ரிங் தொழில் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. இன்று துறைமுகத்தில் நண்டும் சிங்கிறாலும் பிடிக்கும் சில படகுகளும், உல்லாசப் படகுகளும் நிற்கின்றன. அவற்றிடையே 1890இல் ஆர்ப்ரோத்தில் கட்டப்பட்ட 'இசபெல்லா ஃபார்ச்சூனா' என்னும் பாய்மர மீன்பிடிப் படகை விக் சங்கத்தார் பழுதுபார்த்துக் காத்துவருகிறார்கள். டெல்ஃபோர்ட் காலத்து வரிசைக் கட்டடங்கள் சில, கடலில் 84 காற்றாலைகளைக் கொண்ட பீட்ரிஸ் மின்திட்டத்தின் பராமரிப்பு அலுவலகமாகப் புதுப்பிக்கப்பட்டுள்ளன. அங்கிருந்து பணியாளர்கள் தினமும் படகேறிக் கடலுக்குப் போகிறார்கள். பழைய பண்டகசாலைகளை விருந்தினர் விடுதிகளாக மட்டும் மாற்றாமல், மீண்டும் கடல்தொழிலுக்கே கொடுத்திருப்பதை நான் மனமார வரவேற்கிறேன். விக்கின் இளைஞர்களுக்கு ஊரைவிட்டுப் போகாமல் பிழைக்க அது வழி செய்கிறது. இந்தத் துறைமுகத்தைக் கட்டியதும் அதற்காகத்தான்.