நாலாவது தடவை, 14 குஞ்சு

நேற்றுக் காலை எண்ணினேன், 14. இன்று காலையும் 14. ராத்திரியில் ஒன்றும் குறையவில்லை என்பதால் தைரியமாக எழுதுகிறேன். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் 20 லிட்டர் பிளாஸ்டிக் டப் ஒன்று இருக்கிறது. அதில் ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஒட்டி, சீரகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக யெல்லோ லேப் குஞ்சுகள். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த மஞ்சள் மீன் அது. அம்மாக்காரி தனி வாளியில். மூன்று வாரப் பட்டினியில் வயிறு ஒட்டிக் கிடக்கிறாள்.

தொட்டி வைத்தது, தண்ணீரில் நல்ல பாக்டீரியா வளர்ந்து 'சைக்கிள்' ஆகும்வரை காத்திருந்தது எல்லாம் மீன் வளர்க்கிற எல்லோருக்கும் உள்ள கதைதான். நாலு அடிக்கு ஒன்றரை, ஒன்றரை. கணக்குக்கு 255 லிட்டர். கற்களை முதலில் கண்ணாடித் தரைமேல் உட்காரவைத்து, அப்புறம்தான் மணல் போட்டேன். இந்த மீன்கள் மணலைத் தோண்டிக் கல்லைச் சாய்த்துவிடும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள், அந்த ஒரு பேச்சை மட்டும் ஒழுங்காகக் கேட்டேன்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. உப்பில்லாத தண்ணீர் கேட்கிற டெட்ரா மீன் வளர்த்த காலத்தில் கேன் தண்ணீர் வாங்கி வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, இட்லிப் பானையில் வெள்ளை வெள்ளையாகப் படியும். டிடிஎஸ், அதாவது கரைந்த உப்பின் அளவு, 900-க்குக் குறைந்து பார்த்ததில்லை, பிஎச் 8.2. மலாவி ஏரியில் இவ்வளவு உப்பு கிடையாது, ஆனால் பிஎச் கிட்டத்தட்ட இதுதான். என்னுடையவை பண்ணையில் பிறந்தவை, உப்பைச் சட்டை செய்யவில்லை. காவிரிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், போரில் அந்தத் தொல்லையும் இல்லை. தண்ணீரில்லாத ஆறு என்று எங்கள் ஊரைக் கேலி செய்வார்கள். இருக்கிற தண்ணீருக்கு ஏற்ற மீனை இத்தனை வருஷம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். ஒரே எச்சரிக்கை, பிஎச் ஏற ஏற அம்மோனியாவின் விஷமும் ஏறும். ஃபில்டர் கழுவுவதில் சோம்பல் கூடாது.

மீன் வாங்கியது சென்னை கொளத்தூரில். காட்பாடியில் ரயில் ஏறிப் பெரம்பூரில் இறங்கினால் ஆட்டோ தூரம்தான். ஆக்சிஜன் அடைத்த பையைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன், ஒன்றும் சாகவில்லை. வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். பெயர் வேண்டாம், ஒரு கடையில் யெல்லோ லேப்போடு 'ஆப்பிரிக்கன் மிக்ஸ்' என்று 6 குஞ்சு தலையில் கட்டினார்கள். அதில் ஒன்று மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடாக அழகாக இருந்தது. ஆறே மாதத்தில் கறுப்பு உடம்பில் வெளிர் கோடாக மாறியது. பார்த்தால் ஆராட்டஸ் என்கிற முரட்டு மீனின் ஆண்! மூன்று மீனின் வாலைக் கடித்து நாராக்கிய பிறகுதான் பிடித்து நண்பன் வீட்டுக்கு அனுப்பினேன். மிக்ஸ் என்று எழுதியிருந்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். யெல்லோ லேப் பெண் முட்டையையும் குஞ்சையும் வாயில்தான் வைத்துக் காக்கும். தாடை புடைத்து, எதையோ மென்றுகொண்டே இருக்கிற மாதிரி வாய் அசையும், தீவனம் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இத்தனையும் சுலபமாகத் தெரிந்துவிடும். அவளைக் கல் இடுக்கிலிருந்து, வாயில் இருப்பதைத் துப்பவிடாமல் வெளியே எடுப்பதுதான் கஷ்டம். தொட்டியிலேயே விட்டால் குஞ்சு வெளியே வந்த நிமிஷமே மற்றதுகள் முடித்துவிடும்.

முதல் தடவை நான் ஒன்றும் செய்யவில்லை, நாலாம் நாளே விழுங்கிவிட்டாள். தலைச்சன் அப்படித்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன், ஆராட்டஸ் வேறு அப்போது துரத்திக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவை 9-ஆம் நாள் கையை விட்டுக் கற்களை எடுக்க ஆரம்பித்தேன். மூன்றாவது கல்லில் தண்ணீர் கலங்கி ஒன்றும் தெரியவில்லை. தெளிந்தபோது அவள் தாடை தட்டையாக இருந்தது, ஆண் மட்டும் வாயை மென்றுகொண்டிருந்தான்.

மூன்றாம் தடவை புத்திசாலித்தனம் காட்டினேன். இரண்டு லிட்டர் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே தீவனம் போட்டுப் பொறி வைத்தேன். அரை மணி நேரத்தில் தொட்டியில் இருந்த பாதி மீன் உள்ளே போனது, அவளைத் தவிர. போவாளா? வாயில் முட்டை இருக்கிறவள் தின்னவே மாட்டாள் என்று எனக்கே தெரியும், தீவனத்தைப் போட்டுக் காத்திருக்கிறேன்! அந்தக் கடுப்பில் வலையை எடுத்துத் துரத்தினேன். வலைக்குள் வந்தாள். தண்ணீரை விட்டு மேலே தூக்கிய அதே நொடியில் துப்பினாள். 11-ஆம் நாள். ஆரஞ்சு உருண்டை ஒவ்வொன்றிலும் இரண்டு கறுப்புக் கண், பின்னால் துடிக்கிற ஒரு மயிரிழை வால். 9 இருந்தன. டம்ளரில் போட்டு ஏர் ஸ்டோன் விட்டேன். வாய்க்குள் அவள் உருட்டிக்கொண்டே இருக்கிற மாதிரி நம்மால் உருட்ட முடியுமா? இரண்டு நாளில் ஒவ்வொன்றாகப் பஞ்சு படர்ந்து வெளுத்துப் போயின. அந்த வாரம் தொட்டிப் பக்கமே போகவில்லை.

வழி சொன்னது மாமா. காவேரிப்பாக்கம் ஏரியில் சின்ன வயதிலிருந்து மீன் பிடிக்கிறவர். தொட்டியைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா மாப்ள, ஜிலேபிக்கு இவ்ளோ பாடா? தூண்டில்ல வந்தாலே குஞ்சைத் துப்பிடும்டா அது. ராவுல பாரு, டார்ச் அட்சா அப்டியே நிக்கும். தூக்காத, தண்ணியோட மொள்ளு."

ஜிலேபி இல்லை மாமா, இது மலாவி ஏரி மீன் என்று விளக்கப் போய், அப்புறம் நானே வாயை மூடிக்கொண்டேன். ஜிலேபிக் கெண்டையும் என் மீனைப் போலவே சிக்லிட் என்ற குடும்பம்தான், 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன். மலாவி ஏரித் தண்ணீர் ஷயர் ஆறாக வழிந்து சாம்பேசியில் சேர்கிறது, அந்தக் கீழ்ப்பகுதி ஜிலேபியின் சொந்த ஊர்களில் ஒன்று. அவர் பிடிப்பதும் நான் வளர்ப்பதும் பங்காளிகள்.

நாலாம் தடவை தாடை புடைத்ததும் வலையைத் தொடவில்லை. மூன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அவள் எங்கே படுக்கிறாள் என்று மட்டும் பார்த்தேன். மூன்று நாளும் இடது மூலையில் அதே சப்பைக் கல்லுக்கு அடியில். பெட்டிக்கடையில் வாங்கிய மிட்டாய் ஜாடியை நன்றாக அலசி, மூடியில்லாமல், வாய் அந்தக் கல்லைப் பார்க்கிற மாதிரி படுக்கவைத்தேன். கனத்துக்கு உள்ளே ஒரு கூழாங்கல். இரண்டு நாள் அப்படியே விட்டேன், ஜாடியும் தொட்டிச் சாமான்களில் ஒன்றாகிவிட்டது.

16-ஆம் நாள் ராத்திரி ஒன்றரை மணி. டார்ச்சை ஜாடிக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து கல்லுக்கு அடியில் அடித்தேன். மாமா சொன்னபடியே அசையாமல் நின்றாள். துடுப்பு மட்டும் விசிறிக்கொண்டிருந்தது. துடைப்பக் குச்சியை அவள் முகத்துக்கு முன்னால், தொடாமல், மெதுவாக நகர்த்தினேன். ஒரு அங்குலம் பின்வாங்கினாள். நின்றாள். இன்னொரு அங்குலம். கழுத்து வலிக்கிறது, கை மூட்டு வரை தண்ணீர், மூச்சுவிடவும் பயம். இருபது நிமிஷம் இருக்கும், வால் முதலில், பிறகு முழுசாக ஜாடிக்குள் போனாள். உள்ளங்கையால் வாயை அடைத்து நிமிர்த்தித் தண்ணீரோடு மொண்டு எடுத்தேன். தாடை அப்படியே புடைத்திருந்தது. சத்தம் கேட்டு அம்மா எழுந்து வந்து, "இந்நேரத்துல மீன் கொழம்பா வெக்கப் போற?" என்றார்.

ஜாடியை டப்பில் அமிழ்த்திச் சாய்த்ததும் தானாக நீந்தி, ஒளிந்துகொள்ள உள்ளே போட்டிருந்த குழாய்த் துண்டுக்குள் போய்விட்டாள். வாயைத் திறந்து குஞ்சை எடுக்கிறவர்கள் உண்டு, எனக்குக் கை நடுங்கும். 23-ஆம் நாள் காலையில் பார்க்கிறேன், தாடை ஒட்டியிருக்கிறது, தரையெங்கும் குஞ்சு.

தீவனம் ஸ்பைருலினா என்ற பாசி சேர்ந்த செதிலை விரலில் பொடித்துத் தூவுவதுதான். பெரியதுகளுக்கு ஆரம்பத்தில் ரத்தப்புழு போட்டு ஒன்றை வயிறு வீங்கிச் சாகவிட்டேன்.  இப்போது வெந்நீரில் வாட்டிய பசலைக்கீரைதான். மீனுக்குக் கீரை ஆய்வதா என்று அம்மா கேட்கிறார், ஆய்ந்தும் தருகிறார்.

கத்தரி வெயிலுக்கு முன்னால் மின்வெட்டைச் சமாளிக்க பேட்டரி ஏர் பம்ப் வாங்கணும், சூடான தண்ணீரில் ஆக்சிஜன் நிற்காது. குஞ்சுகளுக்கு இரண்டடித் தொட்டி சொல்லணும். இரண்டையும் விட்டுவிட்டு, டாங்கனிகா ஏரியின் மல்டிஃபேசியாடஸ் மேல் கண் போய்விட்டது. காலி நத்தை ஓட்டுக்குள் குடும்பம் நடத்துகிற பொடி மீன். வயல் நத்தை ஓடு அரை வாளி பொறுக்கி மொட்டை மாடியில் காயவைத்தாகிவிட்டது, மீன்தான் இன்னும் இல்லை.

இதற்கிடையில் பெரிய தொட்டியில் இன்னொருத்தி இன்று கீரையைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜாடியைத் திரும்ப அலசி வைத்திருக்கிறேன்.