ஷூ டப்பாவுக்குள் ஒரு ஸ்விட்ச்

2025 ஜூன் 2, திங்கள்

வேலூர் சத்துவாச்சாரி ஆபீஸ் மாடியில் என் விற்பனைப் பயிற்சி வகுப்புக்கு இன்று ஆறு பேர் வந்து உட்கார்ந்தார்கள். மொபைல் கடை கவுண்டரில் நின்ற குடியாத்தம் பையன், மருந்து ரெப்பாக ஏழு வருஷம் பைக் ஓட்டியவர், ஆரணியில் ஆடிட்டர் ஒருவரிடம் டேலி போட்டுக்கொண்டிருந்த பெண், அப்புறம் இப்போதுதான் டிகிரி முடித்த மூன்று பேர். கத்திரி முடிந்தும் வெயில் முடியவில்லை. ஃபேனுக்குக் கீழே இடம் பிடிக்கத்தான் முதல் போட்டி.

என்ன விற்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மானிட்டரிங், வெளித் தாக்குதலைத் தடுக்கும் ஃபயர்வால், டேட்டாவுக்கு நகல் எடுக்கும் பேக்கப் என்று நோட்டீஸில் இருந்ததை ஒப்பித்தார்கள். குடியாத்தம் மட்டும், "போன்னா கையில எடுத்துக் குடுத்துடலாம் சார். இத இன்னான்னு காட்டறது?" என்றான்.

பதில் சொல்லாமல் ரேக்கைத் திறந்து, கீழே இருக்கும் கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் இணைக்கும் ஸ்விட்ச் பெட்டிக்குப் போகும் ஒயரைப் பிடுங்கினேன். கீழே அக்கவுண்ட்ஸிலிருந்து உடனே குரல் வந்தது: "நெட் போச்சு!" எங்கள் மானிட்டரிங் திரையில் அந்த ஸ்விட்ச் சிவப்பாக மாறுவதற்கு மூன்று நிமிஷம் ஆனது. 'இருக்கிறாயா' என்று கேட்கிற மாதிரி நிமிஷத்துக்கு ஒரு பிங் அதற்கு அனுப்புகிறோம். மூன்று தடவை பதில் வராவிட்டால்தான் எச்சரிக்கை என்று நாங்களே வைத்த கணக்கு அது. இல்லாவிட்டால் ஒவ்வொரு விக்கலுக்கும் போன் அலறும்.

"அப்போ கீழ இருக்கற அக்காதான் சார் ஃபாஸ்ட்டு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த அக்கா வீட்டில் தூங்குவார் என்று சொன்ன பிறகுதான் நோட்டில் ஏதோ எழுதினான்.

ஜூன் 3, செவ்வாய்

'அப்டைம்', அதாவது நெட்வொர்க் நிற்காமல் ஓடும் நேரத்தின் கணக்கு. 99 சதவீதம் என்றால் பிரமாதம் என்று நினைக்கிறார்கள். வருஷத்துக்கு 8,760 மணி நேரம். அதில் ஒரு சதவீதம் 87 மணி நேரத்துக்கு மேல், அதாவது மூன்றரை நாள் தாண்டிவிடும். 99.9 என்றால் எட்டே முக்கால் மணி நேரம்.

"அந்த எட்டே முக்கால் மணி நேரமும் 11ஆம் தேதி சாயங்காலம் வந்தா சார்?" என்று ஆரணிப் பெண் கேட்டார். மாதாமாதம் ஜி.எஸ்.டி.ஆர்-1 என்ற விற்பனைக் கணக்கு போட அதுதான் கடைசி நாள். பத்து வருஷமாக இந்தக் கணக்கைப் பலகையில் போடுகிறேன். ஒருவரும் இதைக் கேட்டதில்லை. நாளையிலிருந்து என் ஸ்லைடில் இந்தக் கேள்வி இருக்கும்.

ஜூன் 5, வியாழன்

வாடிக்கையாளர் கம்பெனி முதலாளி மாதிரி நான் உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக வந்து விற்க வேண்டும்.

ரெப் அண்ணன் கதவைத் தட்டின விதமே தனி. வணக்கம், சிரிப்பு, விசிட்டிங் கார்டு எல்லாம் கச்சிதம். அப்புறம் மூச்சு விடாமல் இரண்டு நிமிஷம் பேசினார். டாக்டரிடம் அவருக்குக் கிடைத்ததே இரண்டு நிமிஷம்தான், பாவம், பழக்கம் விடவில்லை. நான் குறுக்கே "தம்பி, டீ சாப்பிடறீங்களா?" என்றேன். அதைக்கூடக் காதில் வாங்கவில்லை.

டிகிரிப் பையன் ஒருவன் பயம் காட்டினான். "அக்டோபர் 14க்கு அப்புறம் உங்க விண்டோஸ் 10 எல்லாம் நின்னுடும் சார்." அங்கேயே நிறுத்தினேன். அன்றைக்குக் கம்ப்யூட்டர் நிற்காது. வழக்கம்போல இலவசமாக வரும் பாதுகாப்பு அப்டேட்தான் நிற்கும். காசு கட்டினால் அதையும் கொஞ்ச காலம் நீட்டிக்கலாம். 15ஆம் தேதி காலையில் வாடிக்கையாளர் சுவிட்சைப் போட்டு, கம்ப்யூட்டர் வேலை செய்தால் நாம் சொன்ன மற்றதெல்லாமும் பொய்யாகிவிடும். 2022இல் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவையும் இப்படித்தான் மிரட்டலாக எடுத்துக்கொண்டு போகிறார்கள். சைபர் தாக்குதல் தெரிய வந்தால் 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும், கம்ப்யூட்டர்களின் நடவடிக்கைப் பதிவான லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது நிஜம். 'போலீஸ் வரும்' என்பது நாம் சேர்க்கும் மசாலா.

மதியத்துக்கு மேல் ஒரு விதி போட்டேன். முதல் பத்து நிமிஷம் நம் சரக்கின் பெயரையே எடுக்கக் கூடாது, கேள்வி மட்டும்தான். ஆறு பேரில் நான்கு பேருக்கு மூன்றாவது நிமிஷத்திலேயே கேள்வி தீர்ந்துவிட்டது.

ஜூன் 7, சனி

பக்ரீத். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வாடிக்கையாளர்கள் எல்லோரும் "பெருநாள் முடிஞ்சு வாங்க" என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்து வீட்டு பாய் அனுப்பிய பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் பழைய கதை ஒன்று மேலே வருகிறது. வகுப்பில் இதைச் சொல்லலாமா என்று நான்கு நாளாக யோசனை.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு தோல் கம்பெனிக்கு பேக்கப் பெட்டி விற்றேன். தினம் ராத்திரி ஓடும்; காலையில் 'வெற்றி' என்று மெயில் வரும். ஏ.எம்.சி. என்ற வருடாந்திரப் பராமரிப்புக்குப் போகும்போதெல்லாம் பச்சை விளக்கைப் பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவேன். ஒருநாள், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தது. பேக்கப் பெட்டியை சர்வரிலேயே ஒரு டிரைவாக இணைத்து வைத்திருந்தோம். சர்வரைப் பூட்டியது அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளி இடத்தில் என்ற 3-2-1 கணக்கு எனக்குத் தெரியாததல்ல. வெளி இடத்துக்கான செலவைக் கொட்டேஷனில் போட்டால் ஆர்டர் கை நழுவும் என்று நான்தான் எடுத்துவிட்டேன்.

அந்தப் பெரியவர் கத்தவில்லை. மாடிப்படியில் நின்றுகொண்டு, "தம்பி, நீங்க ஒரு தடவையாவது அதத் திறந்து பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை சொல்லிவிடப் போகிறேன்.

ஜூன் 9, திங்கள்

சொன்னேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. டீ இடைவேளையில் ரெப் அண்ணன் மட்டும் பக்கத்தில் வந்து, "அவர் மறுபடி ஆர்டர் குடுத்தாரா சார்?" என்றார். இல்லை என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

குடியாத்தத்தையும் ரெப் அண்ணனையும் கூட்டிக்கொண்டு ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனிக்குப் போனேன். பள்ளிகொண்டா டோல் தாண்டினதுமே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. பெருநாளுக்குப் போன ஆட்கள் பாதி திரும்பவில்லை. அக்கவுண்ட்ஸில் மட்டும் மறுநாள் 11 என்பதால் தலைபோகிற அவசரம். நாற்பது கம்ப்யூட்டர். ஃபயர்வால் லைசென்ஸ் போன வருஷமே முடிந்திருக்கிறது. பெட்டி ஓடுகிறது, இணையமும் வருகிறது. புதுத் தாக்குதல்களின் அடையாளங்கள் மட்டும் அதற்குள் வந்து சேராது. பெட்டி ஓடுவதால் அது யாருக்கும் உறைக்கவில்லை.

மேனேஜர் பாய் சொன்ன குறை வேறு. "டெஸ்பாட்ச் ஷெட்ல மத்தியானம் ஆனா நெட் கட்டாவுது. உங்க சாப்ட்வேர் போட்டா சரியாவுமா?"

ரெப் அண்ணன் "கண்டிப்பா" என்று வாயெடுத்தார். குடியாத்தம் அதற்குள், "போய்ப் பாத்துட்டு வரலாமா பாய்?" என்று எழுந்துவிட்டான்.

கட்டிங் செக்‌ஷன் தாண்டி, பசை வாசனை தாண்டி, வெட்டவெளியில் நடந்தோம். அவன் எட்டு வைத்து எண்ணிக்கொண்டே வந்தான். மெயின் கட்டிடத்திலிருந்து ஷெட்டுக்கு எப்படியும் 150 மீட்டர் இருக்கும். செம்பு நெட்வொர்க் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. அதனால் நடுவில், வாட்ச்மேன் அறை ஜன்னலில், யாரோ ஐந்து போர்ட் ஸ்விட்ச் ஒன்றைச் சொருகி இழுத்திருக்கிறார்கள். மழை படாமல் இருக்க அதை ஒரு ஷூ டப்பாவுக்குள் வைத்து, ஒயர் நுழைய ஓட்டை போட்டு, சணலால் கட்டியிருந்தது. டப்பாமேல் சைஸ் 42 என்று ஸ்டிக்கர். உள்ளே விரல் கனத்துக்குத் தோல் தூசி, ஒரு பல்லி முட்டை. டப்பாவுக்குக் காற்றுப் போக வழியில்லாமல் ஸ்விட்ச் தொட்டால் சுட்டது.

சூட்டில்தான் நிற்கிறது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். குடியாத்தம் எக்ஸ்டென்ஷன் போர்டைக் காட்டினான். ஒரே பிளக் இடம். பக்கத்தில் போன் சார்ஜர் தொங்குகிறது.

"தாத்தா, சார்ஜ் எப்ப போடுவீங்க?"

"சோறு துன்ற நேரத்துல நைனா."

திரும்பி வந்து, "பாய், இதுக்கு எங்க சாப்ட்வேர் வேணாம். ஒரு ஃபைபர் கேபிள் இழுத்துட்டா போதும். அதுவரைக்கும் தாத்தாவுக்கு இன்னொரு பிளக் வெச்சுக் குடுங்க" என்றான். மேசைக்கு அடியில் ரெப் அண்ணன் அவன் காலை மிதித்ததை நான் பார்த்தேன்.

மேனேஜர் பாய் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். "அப்போ உங்க சாமான் எதுக்குத்தான் ஆவும்?"

"பேக்கப் எடுக்கறீங்களா பாய்?"

"தெனமும் ஓடுது."

"ஒரு தடவையாவது திறந்து பாத்தீங்களா?"

எனக்கு முதுகில் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஜூன் 12, வியாழன்

எங்கள் முதலாளி கூப்பிட்டார். இரண்டு ஆளையும் காரையும் அனுப்பி ஒரு பிளக் விற்றீர்களா என்று கேட்டார். தப்பில்லை, டார்கெட் அவருக்கும் இருக்கிறது. பேக்கப்பைத் திறந்து பார்க்கும் ரீஸ்டோர் டெஸ்டுக்கு ஒருநாள் மட்டும் கேட்டு வாங்கினேன்.

ஜூன் 14, சனி

ஆம்பூரில் டெஸ்ட். ஆரணிப் பெண்ணையும் கூட்டிப் போனேன், டேலி திறந்தால் பார்க்க ஆள் வேண்டுமே. தனி லேப்டாப்பில், நெட் இணைப்பு இல்லாமல், நேற்றைய பேக்கப்பைத் திறந்தோம். ஃபோல்டர் இருந்தது. டேலியும் திறந்தது. அந்தப் பெண் கடைசி வவுச்சருக்குப் போய்த் தேதியைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் லேப்டாப்பை மேனேஜர் பாய் பக்கம் திருப்பினார். பிப்ரவரி 18. அதற்குப் பிறகு டேட்டாவை வேறு டிரைவுக்கு மாற்றியிருக்கிறார்கள். பேக்கப் பழைய ஃபோல்டரையே விசுவாசமாகத் தினமும் நகல் எடுத்திருக்கிறது. மெயிலில் எல்லா நாளும் 'வெற்றி'.

பாய் டீ சொல்லியனுப்பினார். இந்தத் தடவை ரெப் அண்ணன் உட்பட எல்லோரும் குடித்தோம்.

ஜூன் 16, திங்கள்

கொட்டேஷனைக் குடியாத்தமே எழுதினான். ஃபைபர், ஷெட்டில் ஒரு நல்ல ஸ்விட்ச், ஃபயர்வால் ரினியூவல், வெளி இடத்தில் ஒரு பிரதி, மூன்று மாதத்துக்கு ஒரு ரீஸ்டோர் டெஸ்ட், 18 சதவீத ஜி.எஸ்.டி. தனியாக. மானிட்டரிங் இல்லை. ஏன் என்று கேட்டேன். "மொதல்ல இது நிக்கட்டும் சார்." முதலாளி வெளி இடத்துப் பிரதியின் வரியில் பேனாவை வைத்து, "இத எடுத்தா ரேட் குறையும்" என்றார். எடுக்க முடியாது என்று நான் சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

பி.ஓ., அதாவது எழுத்தில் ஆர்டர், இன்னும் வரவில்லை. வியாழக்கிழமை ஃபைபர் இழுக்கிறவரைக் கூட்டிக்கொண்டு போய் ஷெட்டுக்குச் சரியாக எத்தனை மீட்டர் என்று அளக்க வேண்டும்.