‘தூக்கம் வரவில்லை’ என்று பதிவு செய்தவனின் குறிப்புகள்

மார்ச் 3, 2025, திங்கள்

இன்று மூன்று முறை மனநல மருத்துவரின் எண்ணை அழைத்தேன். முதல் முறை மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன். இரண்டாவது முறை ஒரு பெண் “வணக்கம்” என்றதும் வைத்தேன். மூன்றாவது முறை பேசிவிட்டேன். “என்ன பிரச்சினைக்காக சார் பார்க்கணும்?” என்று கேட்டார். இதற்கான பதிலை ஒரு வாரமாக ஒத்திகை பார்த்திருந்தேன். வாயில் வந்தது என்னவோ, “தூக்கம் வரலைங்க.”

முழுப் பொய்யும் இல்லை. ராத்திரி இரண்டு, மூன்று மணி வரை போனும் கையுமாக உட்கார்ந்திருப்பவனுக்கு எங்கிருந்து தூக்கம் வரும்?

சொல்லத்தான் வரவில்லை, எழுதியாவது பழகலாம். வயது 38. கல்யாணமாகி 9 வருடம். ஆபாசப் படங்கள், முகம் தெரியாதவர்களோடு சாட், பணம் கட்டி வீடியோ கால். போன வருடம் இரண்டு முறை நேரிலும் போய்ச் சந்தித்தேன். மனைவிக்குத் தெரியாது. எத்தனை தடவை நிறுத்தினேன் என்பதற்கு என்னிடம் கணக்கில்லை. ஆப்பை அழிப்பேன், நான்கு நாளில் திரும்ப இறக்குவேன். தடுப்பு மென்பொருள் போட்டு, அதன் பாஸ்வேர்டையும் நானே வைத்துக்கொண்ட புத்திசாலி நான்.

மார்ச் 11, செவ்வாய்

முதலில் மனநல மருத்துவர். தூக்கத்தைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினோம். பிறகு அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “ராத்திரி முழிச்சிருக்கும்போது என்ன செய்றீங்க?” என்றார். சொல்லிவிட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நிமிர்ந்தபோது அவர் எழுதிக்கொண்டிருந்தார், காய்ச்சல் எத்தனை நாள் என்று குறித்துக்கொள்வது போல.

அதன்பின் அவர் கேட்டவை எதையும் நான் எதிர்பார்க்கவில்லை. பார்க்கின்சன் நோய்க்கோ, கால் குடைச்சலுக்கோ மாத்திரை எடுக்கிறேனா? (மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலையைச் செய்யும் சில மருந்துகள் சிலருக்கு இப்படி ஒரு வேகத்தைக் கிளப்பிவிடுமாம். பிராமிபெக்சோல், ரோபினிரோல் என்று பெயர் சொன்னார்.) சில நாட்கள் தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, கண்டபடி செலவு செய்துகொண்டு திரிந்ததுண்டா? அது வேறு நோயின் அறிகுறியாக இருக்கலாமாம். குடி உண்டா? எல்லாவற்றுக்கும் இல்லை.

“அப்ப இது செக்ஸ் அடிக்‌ஷன்தானே டாக்டர்?” என்று நானே கேட்டேன். பெயர் கிடைத்தால் பாதி பாரம் இறங்கிவிடும் என்ற ஆசை. அவர் அந்தப் பெயரை ஏற்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் ‘கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தைக் கோளாறு’ என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அது போதைப்பழக்கங்களின் வரிசையில் இல்லை, உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளின் வரிசையில் இருக்கிறது. பக்கத்தில் யார் யார் என்றால், தேவையே இல்லாமல் திருடுகிறவர்கள், தீ வைக்கிறவர்கள். நல்ல அக்கம்பக்கம்தான். அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம்-5 புத்தகத்தில் இதைப் போன்ற ஒன்றைச் சேர்க்கலாமா என்று யோசித்து, 2013-இல் சேர்க்காமலே விட்டுவிட்டார்களாம்.

ஒன்று மட்டும் உறைத்தது. ‘இது பாவம், தப்பு’ என்ற எண்ணத்தால் மட்டுமே ஒருவர் தவிக்கிறார் என்றால் அது இந்தக் கோளாறு ஆகாது. ஆறு மாதமோ அதற்கு மேலோ கட்டுப்பாடு கைவிட்டுப் போய், வாழ்க்கையில் நிஜமாகவே எதையாவது உடைத்திருக்க வேண்டும். அறிகுறிகளில் ஒன்று: திருப்தியே கிடைக்காவிட்டாலும் தொடர்ந்து செய்வது. அதைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. நான் மட்டும்தான் இப்படி ஒரு விசித்திரம் என்று நினைத்திருந்தேன்.

மாத்திரை இப்போது வேண்டாம் என்றார். மனச்சோர்வுக்கான சில மருந்துகளையும், குடியை விடக் கொடுக்கும் நால்ட்ரெக்சோனையும் சிலருக்குப் பயன்படுத்துவதுண்டு, ஆனால் இதற்கென்றே அங்கீகரித்த மருந்து எதுவும் இல்லை. முதலில் கவுன்சிலிங். அதோடு ஒரு சீட்டு: எச்ஐவி, சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி பரிசோதனைகள். சீட்டை நான்காக மடித்துப் பர்சின் உள்ளறையில் வைத்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

கவுன்சிலர் ஒரு பெண்மணி. என் அம்மாவைவிடப் பத்து வயது குறைவாக இருப்பார். கதவைத் திறந்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது. “ஆண் கவுன்சிலர்தான் வேணும்னா தயங்காம சொல்லுங்க, மாத்தித் தர்றோம்” என்று அவரே ஆரம்பித்தார். அப்படிக் கேட்டதாலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எது வெளியே போகாது, எது போகும் என்று முதலிலேயே சொன்னார். இங்கே பேசுவது இங்கேயே இருக்கும். ஆனால் என் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து, குழந்தைக்கு யாராவது கெடுதல் செய்கிறார்கள் என்றால் அவரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. வெளிப்படையாகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

நான் அவரிடம் எதிர்பார்த்தது ஒரு தீர்ப்பை. ‘நீ கேவலமானவன்’ என்று சொன்னாலும் சரி, ‘நீ நோயாளி, உன் மேல் தப்பில்லை’ என்று சொன்னாலும் சரி, நிம்மதியாக எழுந்து போயிருப்பேன். அவர் கொடுத்தது வீட்டுப்பாடம். உந்துதல் வரும் ஒவ்வொரு முறையும் மணி என்ன, எங்கே இருந்தேன், அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது, உடம்பில் எங்கே தெரிந்தது என்று குறிக்க வேண்டும். “நிறுத்த வேண்டாமா மேடம்?” என்றேன். “முதல்ல பாருங்க” என்றார்.

மார்ச் 23, ஞாயிறு

எண்களோடு புழங்கும் வேலை என்பதால் கட்டம் போட்டு, நிறம் கொடுத்து அழகாகவே ஒரு அட்டவணை செய்திருக்கிறேன். ஐந்து நாளில் பதினாறு வரிகள்.

நான் ராத்திரிதான் எதிரி என்று நினைத்திருந்தேன். ராத்திரி நடப்பது கடைசிக் காட்சிதான். பதினாறில் பதினொன்று, யாரோ என்னைக் கேள்வி கேட்டபின் வந்தவை. மேலதிகாரியின் மின்னஞ்சல், அப்பாவின் போன், “ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?” என்று மனைவி கேட்டது. இரண்டு, வேலையை நன்றாக முடித்தபின். அதுதான் புதிர். மீதி மூன்றில் வெறும் சலிப்பு.

ஆசை என்று எழுதத் தகுந்த வரி ஒன்றுகூட இல்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

இன்று அலைப் பயிற்சி. ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் குடி, புகைப் பழக்கங்களுக்காகச் சொன்ன வழி. உந்துதலோடு சண்டை போடக்கூடாது, அதற்கு அடிபணியவும் கூடாது, ஏறுவதையும் இறங்குவதையும் வேடிக்கை பார்க்க வேண்டும். கவுன்சிலர் சொன்னார், “அது ஏறிக்கிட்டே போகும்னு நீங்க நம்புறீங்க. உச்சிக்குப் போனா இறங்கித்தான் ஆகணும். நீங்க ஒரு தடவைகூட அது இறங்கற வரைக்கும் காத்திருந்ததில்லை, அவ்வளவுதான்.”

ராத்திரி 11.40-க்கு வந்தது. போனைக் கூடத்தில் விட்டுவிட்டுப் படுக்கையறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். தாடை இறுகியது. வயிற்றுக்கு மேலே ஏதோ சுருண்டது. விரல்கள் தானாக எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்தன, போன் இல்லாமலே. கடிகாரத்தைப் பார்த்தால் ஆறு நிமிடம்தான் ஆகியிருந்தது. 12.03-க்குக் கொட்டாவி வந்தது. 23 நிமிடம். அட்டவணையில் ஒரு புதுப் பத்தி சேர்த்தேன்.

ஏப்ரல் 9, புதன்

விழுந்துவிட்டேன். நான்கு மணி நேரம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்று போகாமல் இருக்க ஐந்து காரணங்கள் தயாராக வைத்திருந்தேன். போனேன்.

விழுந்த அன்று முதல் அரை மணி நேரம் நடந்தது எனக்கு நினைவில் இருக்கிறது. பிறகு ‘போச்சு, இனி என்ன’ என்று ஒரு குரல். மீதி மூன்றரை மணி நேரமும் அந்தக் குரலின் வேலைதான். இதற்கும் மார்லட் ஒரு பெயர் வைத்திருக்கிறாராம். விரதம் முறிந்ததும் ‘நான் இப்படித்தான், எனக்கு விமோசனமே இல்லை’ என்று முடிவு கட்டி மொத்தமாகக் கவிழ்வது. சறுக்குவது ஒன்று, சறுக்கிய இடத்திலிருந்து வேண்டுமென்றே உருண்டு போவது இன்னொன்று.

“உங்களைத் திட்டிக்கறதுக்கு எத்தனை நாள் எடுத்துக்கிட்டீங்க?” என்று கவுன்சிலர் கேட்டார். மூன்று நாள். “அந்த மூணு நாள்ல உந்துதல் எத்தனை தடவை?” அட்டவணையைப் புரட்டினேன். ஒன்பது. மற்ற எந்த மூன்று நாளிலும் அவ்வளவு இல்லை. அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குற்றவுணர்வுதான் என்னைக் கொஞ்சமாவது கட்டிவைத்திருக்கும் கயிறு என்று இத்தனை வருடமும் நம்பினேன். எரிகிற அடுப்புக்கு அதைத்தான் விறகாகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் போல.

பர்சிலிருந்த சீட்டைப் பற்றிப் போன முறையே கேட்டிருந்தார். அடுத்த நாளே ரத்தம் கொடுத்தேன். ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

இதற்கு மட்டும் இரண்டு அமர்வுகள் தயாரிப்பு. கவுன்சிலர் சொன்ன முதல் விஷயம், தவணை முறையில் உண்மை சொல்லக்கூடாது. இன்று கொஞ்சம், மாட்டிக்கொண்டபின் இன்னும் கொஞ்சம் என்று சொன்னால் ஒவ்வொரு தவணையும் ஒரு புதுத் துரோகம். அதே சமயம் யார், எப்படி, என்ன உடை என்று காட்சி காட்சியாக விவரிக்கவும் கூடாது, அந்தப் படங்கள் அவள் தலையிலிருந்து இறங்காது. நேரில் சந்தித்ததைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது அவள் உடம்பு சம்பந்தப்பட்டது. சொல்லிவிட்டு மன்னிப்பைக் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளப் பார்க்கக்கூடாது. இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அவள் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. முடித்தபின், “எப்போதிலிருந்து?” என்றாள். “கல்யாணத்துக்கு முன்னாலிருந்து.” சிறிது நேரம் கழித்து, “அப்ப நான் குண்டானதால இல்ல.” கேள்வியாகச் சொல்லவில்லை. அவள் இவ்வளவு நாளும் எதையோ மோப்பம் பிடித்து, அதற்குத் தன்மேலேயே காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் கட்டங்கள் எதிலும் அது இல்லை.

பரிசோதனை முடிவைக் காட்டினேன். “நானும் பார்த்துக்கிறேன்” என்றாள். அன்றிரவு தன் தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

மே 6, செவ்வாய்

குழுக் கூட்டம் ஒன்றுக்குப் போனேன். குடிநோயாளிகள் 1935-இல் தொடங்கிய அமைப்பின் பன்னிரண்டு படி முறையைப் பின்பற்றி, பாலியல் பழக்கங்களுக்கென்று 1970-களில் உருவான வகை. யார் யார் வருவார்கள் என்ற என் ஊகம் எல்லாம் தவறு. தாத்தா வயதில் ஒருவர், இருபதுகளில் இரண்டு பேர், ஒரு பெண்.

முதல் படி, ‘என்னிடம் இதை வெல்லும் சக்தி இல்லை’ என்று ஒப்புக்கொள்வது. அது எனக்கு ஒட்டவில்லை. 23 நிமிடம் உட்கார்ந்தவனிடம் சக்தியே இல்லை என்று எப்படிச் சொல்வது? கவுன்சிலரிடம் சொன்னேன். ஒட்டுவதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். எனக்கு ஒட்டியது ஒன்றே ஒன்றுதான். ராத்திரி பதினொன்றரைக்கும் கூப்பிடலாம் என்று அந்தத் தாத்தா கொடுத்த எண். இதுவரை இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறேன். ஒரு தடவை அவர் தூங்கி வழிந்துகொண்டே பேசினார். அதுவே போதுமாக இருந்தது.

மே 24, சனி

தலையணை இன்னும் அடுத்த அறையில்தான்.

போன வாரம் அவளே சொன்னாள், “எனக்கும் யாராவது வேணும். உங்க கவுன்சிலர் வேண்டாம்.” வேறு ஒருவரைத் தேடினோம். இன்று முதல் நாள். போகும் வழியில், “நான் உள்ளே என்ன பேசினேன்னு கேக்கக் கூடாது” என்றாள். சரி என்றேன்.

உள்ளே போகும் முன் கைப்பையை என்னிடம் கொடுத்தாள். கதவு மூடியது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பையினுள் அவள் போன் இரண்டு முறை அதிர்ந்தது, எடுக்கவில்லை. உள்ளே சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் கேட்டது. வயிற்றுக்கு மேலே அந்தச் சுருட்டல் வந்தது. மணி 10.20.

10.50-க்கும் கதவு திறக்கவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.